ஒன்பதரைப் புள்ளிமான்

தம்பியின் மகளுக்கு ஆங்கில வகுப்பில் பத்துக்கு ஒன்பதரைப் புள்ளி கிடைத்திருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. போன அரைப் புள்ளி என்னால்தான் போனது என்பதில் அவர்களுக்கு அதைவிடப் பெரிய மகிழ்ச்சி.

கடந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் விறாந்தையில் பிளேன்ரீயோடு அமர்ந்திருந்த வேளையில், அவள் கொப்பியோடு வந்து, பிறரைக் கேலி செய்வதைக் குறிக்கும் பத்து ஆங்கிலச் சொற்களைக் காட்டி, "எல்லாத்துக்கும் அகராதியில கேலி, கிண்டல் எண்டுதான் போட்டிருக்கு பெரியப்பா, என்ன வித்தியாசம்?" என்று கேட்டாள். 32 ஆண்டுகள் கந்தோரில் ஆங்கிலக் கடிதங்களோடு மல்லுக்கட்டி ஓய்வுபெற்ற ஒருவனிடம் இப்படிக் கேட்பது, பசியோடு எங்கள் திருகோணமலை வீட்டுப் படலையில் நிற்கும் மானுக்கு முன்னால் செவ்வரத்தைக் கொப்பை நீட்டுவதற்குச் சமம். நான் பிளேன்ரீயைக் கீழே வைத்தேன். அது ஆறிப் போய், எறும்பு விழுந்து, இரவு ஏழு மணிக்கு ஊற்றப்பட்டது.

'டீஸ்' என்ற சொல்லில் தொடங்கினேன். பழைய ஆங்கிலத்தில் அது கம்பளி மயிரைப் பிரித்துச் சிக்கெடுக்கும் வேலையைக் குறித்தது என்றும், துணியின் மேற்பரப்பில் பூமயிரை எழுப்பப் பயன்பட்ட முட்கொத்துள்ள செடிக்கும் அதே வேரிலிருந்துதான் 'டீசல்' என்று பெயர் வந்தது என்றும் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "டீசல் செடியோ? அப்பிடியெண்டால் ரெண்டு கண்டு கொண்டுவந்து கிணத்தடியில வையுங்கோ." 2022 இல் எரிபொருள் வரிசையில் காத்துக் கிடந்த எவரும் சிரிக்காமல் இருக்க முடியாத பகிடிதான். ஆனாலும் பாடம் நடத்துகிறவனின் முகத்துக்கு என்று ஒரு மரியாதை இருக்கிறது.

விடாமல் 'ஹெக்கிள்' என்ற சொல்லுக்குப் போனேன். அதுவும் ஆளிச் செடியின் நாரை இரும்புப் பற்களுள்ள சீப்பால் வாரும் தொழிலிலிருந்து வந்து, பின்னர் மேடையில் பேசுகிறவரை இடைமறித்துத் துளைப்பதைக் குறிக்கலாயிற்று. 'சார்கசம்' என்பதன் கிரேக்க மூலத்துக்கோ சதையைக் கிழித்தல் என்றே பொருள். ஆங்கிலக் கேலி இப்படிச் சீப்பும் சிக்கும் கிழிந்த சதையுமாக இருக்க, எங்களுடைய கேலி நக்கலும் கிண்டலுமாக, ஓசையளவிலாவது முழுக்க அடுக்களைப் பக்கமே நிற்பதை எண்ணி நான் சற்றுப் பெருமைப்பட்டேன். நக்கலுக்கு வேர் நகுதல்தான் என்று பண்டிதர்கள் சண்டைக்கு வரலாம். வரட்டும், கிண்டலையாவது அகப்பைக்கு விட்டுக்கொடுப்பார்கள்.

'டோன்ட்' என்ற சொல் வந்தபோது பாடமே குழம்பிவிட்டது. ஒருவரை வேண்டுமென்றே குத்திப் பேசிச் சினமூட்டுவது அது என்று நான் சொல்லி முடிக்குமுன், "டோன்ட் எண்டால் செய்யாதே எண்டுதானே கருத்து, பிறகேன் இந்த வீட்டில எல்லாரும் செய்யினம்?" என்று மனைவி கேட்டார். எழுத்துக்கூட்டல் வேறு, உச்சரிப்பும் வேறு என்பதை நிலைநாட்ட எனக்குக் கால் மணி நேரம் எடுத்தது. அதற்குள் தம்பி வந்து சேர்ந்து, நான் தொலைபேசியில் "யெஸ், ஸ்பீக்கிங்" என்று சொல்லும் குரலை அப்படியே எடுத்துக் காட்ட, 'மொக்' என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது என்று நானே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அதன் பிறகு எடுத்துக்காட்டுகளுக்கு வெளியே போக வேண்டிய தேவையே வரவில்லை. 'ஜியர்' என்பது மக்கெய்சர் மைதானத்தில் நான் கோல் காப்பாளனாக நின்று, கால்களுக்கிடையால் பந்தை விட்ட அன்று எழுந்த ஊளை. 'ஸ்னியர்' என்பது நான் வைத்த சொதியைச் சுவைக்கும்போது மனைவியின் மேலுதட்டின் வலது மூலை மட்டும் ஒரு நூலளவு உயர்வது. 'பான்டர்' என்பது இருவர் மாறி மாறிச் செய்வது. 1710 இல் ஜொனதன் ஸ்விஃப்ட் இந்தச் சொல்லே ஆங்கிலத்தில் இருக்கக் கூடாது என்று போர்க்கொடி தூக்கினார் என்றேன். அவர் எங்கள் ஒழுங்கைக்கு வந்திருந்தால் சொல்லை விட்டுவிட்டு ஆட்களைத் தடைசெய்யக் கேட்டிருப்பார். 'ரேக்' என்பதும் முன்பு வெறும் சீண்டலாகத்தான் இருந்தது. இங்கே அதைப் பகிடிவதை என்று மொழிபெயர்த்து, 1998 இல் 20 ஆம் இலக்கச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. பகிடிக்கும் வதைக்கும் நடுவில் இடைவெளி விடாமல் அந்தச் சொல்லை ஒட்டி வைத்தவர் விசயம் தெரிந்தவர்.

மீதமிருந்தது 'ரிடிக்கியூல்'. ஒருவரைப் பலர் முன்னிலையில் சிரிப்புக்குரிய பொருளாக ஆக்கிவிடுவது என்று விளக்கம் சொல்லி நான் நிறுத்திக்கொண்டேன். தம்பி நிறுத்தவில்லை. "மான் கடிதத்தைச் சொல்லுங்கோவன் அண்ணா" என்றான்.

கடிதம் எழுதி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அம்மா வைத்த முருங்கைக் கன்றையும் செவ்வரத்தையையும் ஒரே கிழமையில் மான்கள் மொட்டையடித்துவிட்டதால், உரிய அலுவலகத்துக்கு நான் ஆங்கிலத்தில் ஒரு முறைப்பாடு எழுதினேன். மானுக்கும் 'அன்புள்ள' என்பதற்கும் ஆங்கிலத்தில் 'டியர்' என்ற ஒரே ஒலி. கடிதம் முழுவதும் மானையே எழுதப் போகிறோம் என்ற நினைப்பில் கை முந்திக்கொண்டது போலும். 'அன்புள்ள ஐயா' என்று தொடங்கியிருக்க வேண்டிய கடிதம் 'மான் ஐயா' என்று தொடங்கிப் போய்விட்டது. அதற்குப் பதில் வரவில்லை. கதை மட்டும் பத்திரகாளி அம்மன் கோயிலடி வரை என்னிலும் முன்னதாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டு தரம் விளக்கிக் கேட்டு, மூன்றாம் தரம் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து, பொழுதுபட்டு மான்கள் படலைக்கு வந்ததும், பூசணித் தோலும் வாழைப்பழத் தோலும் போட்டு வைத்த பழைய அலுமினியச் சட்டியை எடுத்துக்கொண்டே, மிகுந்த மரியாதையோடு உள்ளே குரல் கொடுப்பார்: "மான் ஐயா, உங்கட ஆக்கள் வந்து நிக்கினம்."

திங்கட்கிழமை கொப்பி திரும்பி வந்தது. பத்து வசனங்களிலும் எழுவாயாகவோ செயப்படுபொருளாகவோ நானே இருந்தேன். சொதி இருந்தது, கோல் இருந்தது, டீசல் செடியும் இருந்தது. ஓரத்தில் மிஸ் ஒரு சிரித்த முகம் வரைந்திருந்தார். அதை நான் எந்தச் சொல்லில் சேர்ப்பது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. ஒன்பது வசனங்களுக்குச் சரி போட்டவர் பத்தாவதில் மட்டும் வினைச்சொல்லைச் சிவப்பு மையால் வளைத்து, இறந்தகாலத்தில் எழுதும்படி குறித்து, அரைப் புள்ளி வெட்டியிருந்தார். பிள்ளை எழுதியிருந்தது இதுதான்: காலஞ்சென்ற என் அப்பம்மா, படலைக்கு மான் வரும் ஒவ்வொரு முறையும், என் பெரியப்பாவைச் சீண்டுகிறார்.

அம்மா போய் நான்கு ஆண்டுகளாகின்றன. மிஸ் திருத்தியது இலக்கணப்படி சரிபோலத்தான் தோன்றும். ஆனால் அன்றாடம் நிகழும் செயலை நிகழ்காலத்தில் எழுத வேண்டும் என்பதும் அதே மொழியின் இலக்கணம்தான். திங்கட்கிழமை பின்னேரமும், ஒற்றைக் கொம்பு முறிந்த அந்தப் புள்ளிமான் படலைக்கு மேலால் மூக்கை நீட்டியபோது, எவரும் வாய் திறக்கவில்லை. மனைவி, தம்பி, பிள்ளை மூவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், நான் அலுமினியச் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

ஆகவே அந்த அரைப் புள்ளியைத் திருப்பித் தருமாறு, காரணங்களை விளக்கி, மிஸ்ஸுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதல் வரியை எழுதிவிட்டுப் பிள்ளையிடம் காட்டும்படி மனைவியின் கட்டளை.