துபாயில் வாடகை வீடு: செக் எழுதும் முன்பும் பின்பும்

துபாயில் வீட்டு விளம்பரத்தில் போடுவது ஆண்டு வாடகை. 60,000 திர்ஹம் என்று பார்த்ததும் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 5,000 என்று கணக்குப் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள். மாத வாடகை இங்கே பொது வழக்கம் இல்லை. ஒப்பந்தம் ஓராண்டுக்கு, பணம் ஒன்று, இரண்டு, நான்கு அல்லது ஆறு பின்தேதியிட்ட (வரப்போகும் தேதி போட்ட) செக்குகளாகப் போகும். பன்னிரண்டு செக் ஒத்துக்கொள்ளும் உரிமையாளர்களும் உண்டு, ஆனால் வாடகையைக் கொஞ்சம் ஏற்றிச் சொல்வார்கள். ஒரே செக்காகக் கொடுத்தால் பேரம் பேச இடம் கிடைக்கும்.

இந்த ஊரில் பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டவர். வேலை போனால் விசாவும் போகும், ஆளும் ஊருக்குப் போய்விடுவார். ஆகவே உரிமையாளர் முழு ஆண்டுக்கான செக்குகளையும் முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார். அந்த உரிமையாளரே பல இடங்களில் வெளிநாட்டவர்தான். 2002இல் வெளிநாட்டவருக்குச் சொந்த வீடு வாங்க வழிவிட்டார்கள். 2006இல் அது முறையான சட்டமாயிற்று. மரினா, ஜே.வி.சி. (ஜுமெய்ரா வில்லேஜ் சர்க்கிள்), இன்டர்நேஷனல் சிட்டி போன்ற பகுதிகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முதலீட்டாளர் இருப்பார், அவர் வேறு நாட்டில்கூட இருக்கலாம். கராமா, தேய்ரா, பர்துபாய் பக்கம் முழுக் கட்டடமும் ஒருவர் கையில் இருப்பது சாதாரணம். நிர்வாக நிறுவனமே நேரடியாக வாடகைக்கு விடும், தரகுக் கூலி மிச்சம். அங்கே காலி வீட்டை முதலில் தெரிந்துவைத்திருப்பவர் கட்டடத்துக் காவலாளியான நாத்தூர்தான். அவரைக் கேட்காமல் தளம் தளமாக இணையத்தில் தேடுவது வீண்.

60,000 திர்ஹம் வீட்டுக்கு, நான்கு செக் என்று வைத்துக்கொண்டால், சாவி கைக்கு வரும்முன் ஆகும் செலவு இது: முதல் செக் 15,000. காப்புத் தொகை 5 விழுக்காடு, அதாவது 3,000 (சாமான்களோடு கூடிய வீட்டுக்கு 10 விழுக்காடு கேட்பார்கள்). தரகு பெரும்பாலும் 5 விழுக்காடு, அதன்மேல் 5 விழுக்காடு வாட் வரி, ஆக 3,150. எஜாரிக்கு (வாடகை ஒப்பந்தப் பதிவு), அரசு விண்ணப்பங்களை நிரப்பித் தரும் டைப்பிங் சென்டரில் ஏறக்குறைய 220. மின்சாரம், தண்ணீர் தரும் தேவாவுக்கு அடுக்ககமானால் 2,000 டெபாசிட்டும் இணைப்புக் கட்டணமாகச் சுமார் 130ம். மொத்தம் 23,500. தனி வில்லாவுக்குத் தேவா டெபாசிட் 4,000. புதிதாக வந்தவர்கள் முதல் சில மாதம் பெட் ஸ்பேஸில் (பலர் பகிரும் அறையில் ஒரு கட்டில்) தங்குவதற்கு இந்தத் தொகை ஒரு காரணம். செக் புத்தகம் இல்லாதது இன்னொரு காரணம்: எமிரேட்ஸ் ஐடி (அடையாள அட்டை) வரவேண்டும், வங்கிக் கணக்கு திறக்கவேண்டும், சம்பளம் விழவேண்டும், அதற்குப் பிறகே பல வங்கிகள் செக் புத்தகம் தரும்.

வீடு பிடித்துவிட்டது என்றால், பணம் கொடுக்கும் முன் இரண்டு சோதனைகள். துபாய் நிலத்துறையின் துபாய் ரெஸ்ட் செயலியில் தரகரின் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள்; பதிவு இல்லாதவரிடம் ஒரு திர்ஹம்கூட நீட்டவேண்டாம். அடுத்து, உரிமைப் பத்திர நகலில் இருக்கும் பெயரும் உரிமையாளர் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். வேறொருவர் கையெழுத்திடுவதாக இருந்தால் அதிகாரப் பத்திரம் வேண்டும். வாடகைக்கான செக்கை உரிமையாளர் பெயரில்தான் எழுதவேண்டும். தரகர் பெயரில் எழுதச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

கையெழுத்து ஆனதும் எஜாரி. 2010 முதல் நடப்பில் உள்ள வாடகை ஒப்பந்தப் பதிவு இது. ஒப்பந்தம், உரிமைப் பத்திர நகல், இரு தரப்புப் பாஸ்போர்ட் நகல், உங்கள் விசா, எமிரேட்ஸ் ஐடி, வீட்டின் தேவா எண் ஆகியவை தேவை. தேவா எண் ஒன்பது இலக்கம். பெரும்பாலும் வாசல் கதவருகே சிறு தகட்டில் எழுதியிருக்கும். இங்கே அடிக்கடி முட்டுவது, முன்பிருந்தவரின் எஜாரி ரத்தாகாமல் கிடப்பது. ஒரு வீட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு எஜாரி ஏறாது. ரத்து செய்யவேண்டியது உரிமையாளர் தரப்பு. ஆகவே சாவி வாங்கும் நாளுக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. பதிவு முடிந்ததும் தேவாவிலிருந்து டெபாசிட் கட்டச் சொல்லித் தகவல் தானாகவே வரும். கட்டினால் பெரும்பாலும் ஒரே நாளில் மின்சாரம் வந்துவிடும். குடும்ப விசாவுக்கும், தகராறு வந்தால் வாடகைத் தகராறு மையத்துக்கும் எஜாரிதான் அடிப்படை. எஜாரி வேண்டாம், வாடகையைக் குறைத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அந்தச் சலுகையின் விலை உங்களுக்குப் பின்னால்தான் தெரியும்.

முதல் தேவா பில்லைப் பார்த்துப் பலர் திகைப்பதற்கு வீட்டு வரி காரணம். ஆண்டு வாடகையில் 5 விழுக்காட்டைப் பன்னிரண்டாகப் பிரித்து, மின்சாரப் பில்லோடு சேர்த்து வசூலிப்பார்கள். 60,000 வாடகைக்கு மாதம் 250 திர்ஹம். மின்சாரம் மாதம் 2,000 யூனிட் வரை யூனிட்டுக்கு 23 ஃபில்ஸ் (நூறு ஃபில்ஸ் ஒரு திர்ஹம்), அடுத்த 2,000க்கு 28, பிறகு 32, 6,000ஐத் தாண்டினால் 38. எரிபொருள் கூடுதல் கட்டணம் தனி. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏ.சி. நிற்காது என்பதால் இந்த அடுக்குகள் முக்கியம்.

புதிய கட்டடங்களில் ஏ.சி.யே உங்கள் மீட்டரில் இருக்காது. வட்டாரக் குளிரூட்டும் நிறுவனம் குழாயில் குளிர்நீர் அனுப்பும். அதற்குத் தனிக் கணக்கு, தனி டெபாசிட், தனிப் பில். பயன்பாட்டுக்கு மட்டுமல்ல, ஒதுக்கப்பட்ட கொள்ளளவுக்கும் கட்டணம் உண்டு. டிசம்பரில் ஏ.சி.யைத் தொடவே இல்லை என்றாலும் அந்தப் பகுதி வரும். விளம்பரத்தில் ‘சில்லர் ஃப்ரீ’ என்றிருந்தால் இந்தச் செலவை உரிமையாளர் ஏற்கிறார் என்று பொருள். அப்படிப்பட்ட வீட்டுக்கு வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் கோடைக் கணக்கில் அதுவே மலிவாகிவிடலாம். ஒப்பந்தத்தில் அந்த வரி எழுத்தில் இருக்கவேண்டும், வாய்ச்சொல் உதவாது.

ஷார்ஜாவில் வாடகை குறைவு என்பது உண்மை. காலையும் மாலையும் அல் இத்திஹாத் சாலை நெரிசலில் அந்த மிச்சம் நேரமாகக் கரைந்துவிடும். மெட்ரோ துபாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது. ஷார்ஜாவில் எஜாரி கிடையாது. ஷார்ஜா நகராட்சியின் சான்றுபெற்ற ஒப்பந்தம், தனி மின்வாரியம். துபாய்க்குள் என்றால் மெட்ரோ நிலையத்துக்கு நடக்கும் தூரத்தைப் பாருங்கள், அதுவும் ஆகஸ்ட் மதியத்தை மனதில் வைத்து. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மண்டலங்களுக்கு, நோல் எனப்படும் பயண அட்டையின் வெள்ளி வகையில் 7.50 திர்ஹம். கார் வைத்திருந்தால் சாலிக் சுங்கவாயில்களைக் கணக்கில் சேருங்கள். 2025 ஜனவரி இறுதியிலிருந்து வேலைநாள் நெரிசல் நேரத்தில் கடப்பதற்கு 6 திர்ஹம், மற்ற நேரம் 4, நள்ளிரவு ஒன்று முதல் காலை ஆறு வரை இலவசம்.

புதுப்பிக்கும்போது வாடகையை ஏற்ற உரிமையாளர் 90 நாளுக்கு முன் தெரிவிக்கவேண்டும். எவ்வளவு ஏற்றலாம் என்பதை 2013ஆம் ஆண்டின் 43ஆம் ஆணை வரையறுக்கிறது. உங்கள் வாடகை அந்தப் பகுதிச் சராசரியைவிட 10 விழுக்காடு வரை குறைவானால் ஏற்றமே கிடையாது. 11 முதல் 20 வரை குறைவானால் 5 விழுக்காடு ஏற்றலாம். 21 முதல் 30 வரை 10. 31 முதல் 40 வரை 15. அதற்கும் கீழே என்றால் 20. சராசரி 80,000 இருக்கும்போது நீங்கள் 60,000 கட்டினால் 25 விழுக்காடு குறைவு. அதிகபட்சம் 66,000 கேட்கலாம். சராசரியை நிலத்துறையின் வாடகைக் குறியீட்டில் நீங்களே பார்க்கலாம். விற்பதற்காகவோ தான் குடியேறுவதற்காகவோ காலிசெய்யச் சொன்னால், நோட்டரி அல்லது பதிவுத் தபால் வழியாகப் பன்னிரண்டு மாத அறிவிப்பு வேண்டும். வாட்ஸாப் செய்தி அறிவிப்பு ஆகாது.

செக் திரும்பினால் இப்போது ஒன்றும் ஆகாது என்று ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. 2022 முதல் கணக்கில் பணம் போதாமல் செக் திரும்புவது பெரும்பாலும் குற்றவழக்கு ஆவதில்லை என்பது சரி. ஆனால் திரும்பிய செக்கைக் கொண்டே உரிமையாளர் நேரே நிறைவேற்று நீதிமன்றத்துக்குப் போகலாம். பயணத் தடைவரை அது நீளும். வேலை போய்விட்டால் அடுத்த செக் தேதி வரும்முன் உரிமையாளரிடம் எழுத்தில் பேசுங்கள்; தேதியைத் தள்ளவோ ஒப்பந்தத்தை இடையில் முறிக்கவோ பலர் ஒத்துக்கொள்கிறார்கள், பொதுவாக இரண்டு மாத வாடகை அபராதத்தோடு. முறிக்கும் நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே போட்டுக்கொள்வது உத்தமம்.

குடிபுகும் நாளில் சுவர், குழாய், ஏ.சி., சமையலறை அலமாரி எல்லாவற்றையும் படமெடுத்து உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். காலிசெய்யும்போது பெயின்ட் செலவு என்று காப்புத் தொகையில் கைவைப்பது வழக்கமான சண்டை. தேவா டெபாசிட் இறுதிப் பில் கழித்துத் திரும்ப வரும். நாட்டை விட்டே போவதானால், வங்கிக் கணக்கை மூடும்முன் அதை வாங்கிவிடவேண்டும்.