கெண்டை வரவில்லை என்று புகார் வந்தபோது

ஆடுதுறையில் சின்னதாக ஒரு வாத்தியக் கடை நடத்துகிறேன். நாகஸ்வரம் கடையும் நரசிங்கம்பேட்டையும், அதை ஊத வைக்கும் நாணல் சீவாளி கட்டும் திருவாவடுதுறையும் எங்களுக்கு சைக்கிளில் போய்வரும் தூரம்தான். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கப்புறம் வெளியூரிலிருந்து விசாரிப்பவர்களுக்காக ஓர் இணையச் சந்தையிலும் கடை போட்டேன். அதில் வாங்கிய ஒருவரோடு ஏற்பட்ட தகராறும் அது தீர்ந்த விதமும்தான் இங்கே எழுதுவது. பல பாகங்கள் உள்ள பொருளைப் பார்சலில் அனுப்புகிறவர்களுக்கும், அப்படி வாங்குகிறவர்களுக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

வாங்கியவர் விழுப்புரம் பக்கத்துக்காரர். மகனை அரசு இசைப்பள்ளியில் நாகஸ்வரம் கற்கச் சேர்த்திருந்தார். பையனுக்குச் சொந்தமாக ஒரு வாத்தியம் வேண்டும் என்று, நீளமாகவும் சுருதி இறங்கியும் இருக்கும் பாரி வகை நாகஸ்வரம் ஒன்று வாங்கினார். பார்சல் போய்ச் சேர்ந்த அன்று இரவே சந்தையின் பக்கத்தில் புகார் ஏறிவிட்டது. "நாயனம் மட்டும்தான் வந்திருக்கு. கெண்டை, சீவாளி எதுவும் இல்லை. படத்துல காட்டிட்டு அனுப்பாம ஏமாத்திட்டாங்க. முழுப் பணமும் திருப்பி வேணும்."

நாகஸ்வரம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நீளமான மரக்குழல்தான் உலவு. ஆச்சா மரத்தில் கடைவார்கள், அதுவும் பழைய வீடுகளில் உத்தரமாகவும் தூணாகவும் இருந்து நன்றாகக் காய்ந்த மரமென்றால் விரும்பி எடுப்பார்கள். கீழே புனல் மாதிரி விரிவது அணசு. உலவின் மேல்வாயில் செருகும் சிறிய உலோகக் குழல் கெண்டை. அந்தக் கெண்டையின் மேல்தான் சீவாளியை வைத்து ஊத வேண்டும். இந்த இரண்டும் இல்லையென்றால் எவ்வளவு நல்ல உலவும் வாய் திறக்காது. ஆகவே கணக்கில் 'உதிரிப் பாகம்' என்று எழுதினாலும் அந்த அப்பாவுக்கு அது முழு வாத்தியமும் வராத மாதிரிதான். அவர் முழுப் பணத்தைக் கேட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. 'ஏமாத்திட்டாங்க' என்ற சொல்தான் தைத்தது.

பொருள் விவரத்தில் நான் எழுதியிருந்தது இது: உலவு, அணசு, கெண்டை ஒன்று, சீவாளி இரண்டு, சீவாளியைச் சரிசெய்யும் குச்சி ஒன்று. சின்னச் சாமான்களை எல்லாம் ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, வாத்தியத்தோடு பிவிசி குழாய்க்குள் வைத்து, இரண்டு முனையிலும் மூடி மாட்டி டேப் ஒட்டி அனுப்பியிருந்தேன். கட்டும்போது போனில் வீடியோ எடுப்பது கடை வழக்கம். அந்த வீடியோவில் டப்பா உள்ளே போவது தெளிவாகவே தெரிந்தது.

சந்தையின் புகார்ப் பகுதியில் எனக்கு மூன்று பொத்தான்கள். முழுப் பணத்தையும் தருகிறேன், பொருளைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன், புகாரை மறுக்கிறேன். விடுபட்டதை அனுப்பிவைக்கிறேன் என்று சொல்ல இடமே கிடையாது. பதில் சொல்லக் கெடுவும் ஓடிக்கொண்டிருந்தது. கையில் வீடியோ இருக்கிறது, 'மறுக்கிறேன்' என்று அழுத்திவிட்டு அதை ஏற்றிவிடு என்றுதான் எனக்குத் தெரிந்த வியாபாரிகள் சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நான் டப்பாவை வைத்தேன் என்பதற்குத்தான் அந்த வீடியோ சாட்சி. அவருக்கு டப்பா வந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது. இரண்டு பேரும் உண்மை பேசியும் டப்பா காணாமல் போயிருக்கலாம். அந்த நேரத்தில் வீடியோவை நீட்டினால் 'நீதான் பொய் சொல்கிறாய்' என்று முகத்துக்கு நேரே சொல்கிற மாதிரி ஆகிவிடும்.

வாங்குவதற்கு முன்பு எத்தனை கட்டைச் சுருதி, என்ன விலை என்றெல்லாம் கேட்கக் கடைக்குப் போன் செய்திருந்தார். அதனால் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். எடுத்த எடுப்பில் கோபமாகத்தான் பேசினார். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போகப் போவதாகச் சொன்னார். "தாராளமா போங்கண்ணே, அது உங்க உரிமை. விளம்பரத்துல சொன்ன மாதிரி பொருள் இல்லைன்னா திருப்பி வாங்க மாட்டேன்னு நான் சொல்ல முடியாது, 2020-ல வந்த மின்வணிக விதியிலயே இருக்கு" என்றேன். அதற்கப்புறம் அவர் குரல் இறங்கியது. நான் சட்டம் பேசித் தப்பிக்கப் பார்ப்பேன் என்று நினைத்திருந்தாராம். "எனக்குக் காசு பெரிசில்லை தம்பி, பையன் கிளாசுக்கு வெறும் கட்டையைத் தூக்கிட்டுப் போக முடியுமா?" என்றார்.

அவரிடம் இரண்டே உதவி கேட்டேன். குழாய், மூடி, உள்ளே இருந்த ஸ்பாஞ்ச், காகிதம் எதையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும். குழாயின் இரண்டு முனையையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். 'நல்லா தேடிப் பாத்தீங்களா' என்று மட்டும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியால் முறிந்துபோன வியாபாரங்களை நான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் படங்கள் வந்தன. ஒரு முனையில் நான் ஒட்டிய கண்ணாடி டேப் அப்படியே இருந்தது. இன்னொரு முனையில் அதன் மேல் பழுப்பு டேப் சுற்றியிருந்தது. என் கடையில் பழுப்பு டேப்பே கிடையாது. டப்பா இருந்ததும் அந்த முனையில்தான்.

அப்புறம் எடை. கூரியர் ரசீதில் 2.610 கிலோ என்று இருந்தது. எல்லாவற்றையும் பழையபடி குழாய்க்குள் போட்டு, பக்கத்து மளிகைக் கடையின் மின்தராசில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். கூடவே பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டையும் அதே தராசில் நிறுத்துக் காட்டச் சொன்னேன். இங்கே நானும் அதே கம்பெனி உப்புப் பாக்கெட்டைக் கூரியர் ஆபீஸ் தராசில் நிறுத்தேன். ஒவ்வொரு தராசும் ஒவ்வொரு மாதிரி காட்டும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. உப்பு இரண்டிலும் ஏறத்தாழ ஒரே எடை காட்டியது. பார்சல் மட்டும் அங்கே 2.520 கிலோ. குறைந்தது 90 கிராம். அதே மாதிரி டப்பாவில் அதே சாமான்களைப் போட்டு என் கடைத் தராசில் வைத்தேன். 90-க்கு இரண்டு மூன்று கிராம்தான் வித்தியாசம்.

எடைக் கணக்கை அவருக்கு அனுப்பினேன். கட்டும் வீடியோவையும் அப்போதுதான் சேர்த்து அனுப்பினேன். வழியில் எங்கேயோ மூடி கழன்று டப்பா விழுந்திருக்கிறது, யாரோ குழாயை மறுபடி மூடி டேப் சுற்றி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு அப்படித்தான் பட்டது, அவருக்கும் அப்படித்தான் பட்டது. அன்றோடு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சண்டை இல்லை.

ஆனால் புகார் அப்படியே நின்றது. முழு வாத்தியத்தையும் திருப்பி அனுப்பலாம் என்று சந்தை அவருக்கு வழி காட்டியது. எனக்கு அதில் விருப்பமில்லை. கடைந்து பதம் பார்த்த ஒரு வாத்தியத்தை மறுபடி அதே லாரியில் ஏற்றி, அதே கிடங்கில் உருட்ட வேண்டுமா? அணசில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அடுத்த தகராறு தொடங்கிவிடும். காணாமல் போனதை மட்டும் நான் மறுபடி தருவது என்று பேசி முடித்தோம். யார் தொலைத்தாலும் வாங்கியவர் கைக்கு முழுதாகப் போய்ச் சேர்வது வரை என் பொறுப்பு. கூரியரோடு சண்டை போடுவது என் வேலை, அவருடைய வேலை இல்லை.

அந்த நேரத்தில் பல வியாபாரிகள் கேட்கிற ஒன்றை நான் கேட்கவில்லை. 'முதலில் புகாரை மூடுங்கள், அப்புறம் அனுப்புகிறேன்' என்பதுதான் அது. அவர் கையில் இருந்த ஒரே பிடி அந்தப் புகார். அதை விட்டுக்கொடுத்துவிட்டு என் வாய்வார்த்தையை நம்பச் சொல்வது நியாயமில்லை. கெண்டை வந்து, ஊதிப் பார்த்து, சரியாக இருந்தால் மூடுங்கள் என்றேன். பேசியதை எல்லாம் புகார்ப் பெட்டியிலேயே தமிழில் எழுதி வைத்தேன். என்ன அனுப்புகிறேன், எப்போது அனுப்புகிறேன், பொருந்தாவிட்டால் என்ன செய்வேன் என்று மூன்றையும் எழுதி, அவரையும் 'சம்மதம்' என்று கீழே எழுதச் சொன்னேன்.

குறித்த நாளுக்குள் பொருளைத் திருப்பி அனுப்பாவிட்டால் புகார் தானாக மூடிக்கொள்ளும் என்று சந்தையிலிருந்து அவருக்குச் செய்தி வந்தது. அவர் பயந்துவிட்டார். சந்தையின் குறைதீர் அலுவலருக்கு இரண்டு பேருமே எழுதினோம். அதே மின்வணிக விதிப்படி அந்த அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். விற்றவரும் வாங்கியவரும் ஒரே கோரிக்கையோடு எழுதுவது அவர்களுக்குப் புதிதாக இருந்திருக்கும் போல. கெடுவை நீட்டித்துத் தந்தார்கள்.

இனி கெண்டை. பெட்டியிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்து அனுப்பிவிடக்கூடிய சாமான் இல்லை அது. உலவின் மேல்வாய்க்குள் காற்று கசியாமல் உட்கார வேண்டும். கொஞ்சம் நீளம் கூடினாலும் சுருதி இறங்கும், குறைந்தால் ஏறும். பாரிக்கு உள்ளது, அதைவிடக் குட்டையான திமிரி வகைக்கு ஆகாது. அதனால்தான் 'கெண்டைக்குக் காசு தந்துவிடுகிறேன், அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்' என்று நான் சொல்லவில்லை. உலவைக் கடைந்த ஆசாரியிடமே போனேன். ஆவணி மாதம், முகூர்த்தங்கள் நெருக்கமாக இருந்தன, அவருக்கு வேலை தலைக்கு மேல். விஷயத்தைச் சொன்னதும், "பையன் படிக்கறான்ங்கற, மொதல்ல அதைப் பாப்போம்" என்று கையிலிருந்ததை வைத்துவிட்டு எழுந்தார்.

உலவு விழுப்புரத்தில், அவர் இங்கே. அளவுக்கு ஒரு வழி சொன்னார். கெட்டியான காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி மேல்வாயில் இறுகும் வரை செருகி, விளிம்பு தொடும் இடத்தில் பேனாவால் கோடு போட வேண்டும். பிரிந்துவிடாமல் ஒட்டி, கசங்காமல் ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் தபாலில் அனுப்ப வேண்டும். பையனே செய்து அனுப்பினான், ஒன்றுக்கு இரண்டாக. ஆசாரி அதே தொகுதியில் கடைந்து தன்னிடம் இருந்த இன்னொரு உலவில் அந்தக் கூம்பைச் செருகிப் பார்த்தார். கோடு அதே இடத்தில் நின்றது. அதற்குப் பொருந்தும் கெண்டையைத் தேர்ந்து நூல் சுற்றிக் கொடுத்தார்.

சீவாளியைத் திருவாவடுதுறையில் கட்டி வாங்கினேன். காவிரி, கொள்ளிடக் கரையில் விளையும் நாணல் தட்டையைப் பதப்படுத்திக் கட்டுகிறது அது. கற்கிற பையனுக்கு ரொம்ப விறைப்பாக இருந்தால் உதடும் மூச்சும் போய்விடும். இளசாகப் பார்த்துக் கேட்டேன். முன்பு அனுப்பியது இரண்டு, இந்த முறை ஒன்று கூடுதலாக வைத்தேன். காத்திருந்த பையனுக்கு அது என் கணக்கில்.

டப்பாவை இந்தத் தடவை நல்ல அட்டைப்பெட்டியில் தனியாக வைத்து விரைவுத் தபாலில் அனுப்பினேன். முழு வாத்தியம் அனுப்பும்போது இப்போதெல்லாம் டப்பாவைத் துணியில் சுற்றி அணசுக்குள்ளேயே வைத்துக் கட்டிவிடுகிறேன். குழாய் மூடி கழன்றாலும் அது வெளியே வராது.

பெட்டி போய்ச் சேர்ந்ததும் வீடியோ அழைப்பில் பிரித்தார். பையன் ஊதினான், சத்தம் வந்தது, அப்பாவுக்குச் சந்தோஷம், அப்போதே புகாரை மூடுகிறேன் என்றார். நான்தான் நிறுத்தினேன். பையனின் ஆசிரியர் ஊதிப் பார்த்துச் சரி என்று சொல்லட்டும் என்றேன். வீடியோ அழைப்பில் சுருதியை எடைபோடவும் முடியாது. பின்சத்தம் என்று நினைத்துப் போன் சுருதிப் பெட்டியின் ஒலியை விழுங்கிவிடும். வகுப்பில் சுருதிப் பெட்டியை வைத்து ஊதிச் சாதாரண ஒலிப்பதிவாக அனுப்பச் சொன்னேன்.

பதிவு வந்தது. நான் கேட்டேன், ஆசாரிக்கும் போட்டுக் காட்டினேன். இரண்டு கட்டைச் சுருதியில் சுத்தமாக நின்றது. மேல் ஸ்தாயியில் கொஞ்சம் பிசிறியது, சீவாளி பழகினால் அடங்கிவிடும் என்றார் ஆசாரி. பையனின் ஆசிரியரும் அதையே சொன்னாராம். அன்று சாயங்காலமே புகார் மூடியது. 'ஏமாத்திட்டாங்க' என்று எழுதியிருந்த கருத்தையும் அவராகவே மாற்றி, நடந்ததை எழுதினார். நான் கேட்கவில்லை.

கூரியர் விவகாரம்தான் இன்னும் பாக்கி. எடை ரசீது, பழுப்பு டேப் படம், மளிகைக் கடைத் தராசுப் படம், உப்புப் பாக்கெட் படம் எல்லாவற்றையும் சேர்த்து எழுத்து மூலமாகவே கேட்டேன். வாங்கும்போது குறை குறிப்பிடாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று முதலில் தட்டிக்கழித்தார்கள். இரண்டாவது கடிதத்துக்கு அனுப்புக் கூலியை மட்டும் திருப்பித் தந்தார்கள். மூடியைத் திறந்தது யார், மறுபடி மூடியது யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. மூன்றாவது கடிதத்தைப் பதிவு செய்து அனுப்பி, ஒப்புகையை வாங்கி வைத்திருக்கிறேன்.