ஒரு நாள் கூலியும் ஒரு பேட்டியும்

ஆவணப்படத்தில் பேசுகிறவர்களுக்குக் காசு கொடுக்கக் கூடாது. இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்திருக்கிறேன். எனக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் இதைக் கிட்டத்தட்ட சத்தியம் வாங்குகிற மாதிரிதான் சொல்வார். காசு கைமாறிவிட்டால் அப்புறம் அவர்கள் சொல்வது எதையும் நம்ப முடியாது என்பார். நானும் அதை நம்பித்தான் வேலை செய்தேன். பாதி இன்னும் நம்புகிறேன்.

வேதாரண்யம் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய படத்தில் அந்த விதியை மீறினேன். மீறியது தப்பு என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. ஆனால் படம் முடிந்த பிறகு, காசு வாங்கிய அந்த அக்கா என்னிடம் சொன்ன ஒரு பேச்சு மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

படத்துக்கு மொத்தம் 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். அதற்குள் கேமரா வாடகை, ஒளிப்பதிவாளர் சம்பளம், தங்கல், சாப்பாடு, எடிட்டிங், கலர், சப்டைட்டில் எல்லாம் அடங்க வேண்டும். பணம் கொடுத்தவர்களுக்கு 1930தான் முக்கியம். ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்தே வந்து உப்பு அள்ளிய சத்தியாகிரகம், அகஸ்தியம்பள்ளி நினைவுத்தூண், ஏப்ரலில் வருஷா வருஷம் நடக்கிற நினைவு யாத்திரை. எனக்கு அந்தத் தூணைத் தாண்டிப் போனால் வருகிற பாத்திகளில் இன்றைக்கு உப்பு வாருகிறவர்கள்தான் வேண்டும். பணம் கொடுத்தவர்களும் அதற்கு ஒத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் சேர்த்து அதே பணம்தான்.

பட்ஜெட் தாளை இப்போது எடுத்துப் பார்த்தாலும் ஒரு விஷயம் உறுத்துகிறது. டீக்கடைக்குக் கூட ஒரு வரி இருந்தது. பேட்டரி சார்ஜ் போட்டுக்கொடுத்த கடைக்காரருக்கு ஒரு தொகை எழுதியிருந்தேன். கோடியக்கரை பக்கம் மேலேயிருந்து எடுக்க அரை நாள் டிரோன் வாடகை இருந்தது. யாரைப் பற்றிப் படமோ அவர்கள் பெயரில் ஒரு ரூபாய் கூட இல்லை. அது கஞ்சத்தனத்தில் விட்டது இல்லை, கொள்கையாகவே விட்டது. என்னைப் போல எழுதுகிற பலரின் தாளிலும் அந்த வரி இருக்காது.

அந்த அக்காவின் முதல் பேட்டியை வேலைக்கு நடுவில், வரப்பில் உட்காரவைத்து எடுத்தோம். புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் பலகை. காலர் மைக்கைச் சட்டையில் மாட்டினால் துணி உரசுகிற சத்தம் வந்தது. அவரே அதைக் கழற்றி, கையை முந்தானையில் துடைத்துவிட்டு, துண்டின் மடிப்புக்குள் செருகிக்கொண்டார். அப்புறமும் காற்று விடவில்லை. மத்தியான நேரம். சுற்றிலும் வெள்ளை உப்பு, அதில் அடிக்கிற வெயிலில் முகம் கறுத்துப்போய்த் தெரிந்தது. பேசும்போதே கண் கங்காணி நிற்கிற பக்கம் போய்ப் போய் வந்தது. எவ்வளவு வருஷமாக வேலை, கால் வெடிப்புக்கு என்ன செய்வீர்கள், மழைக்காலத்துக்கு அரசு கொடுக்கிற 5,000 ரூபாய் எத்தனை நாளுக்குக் காணும் என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரு வரிப் பதில்தான். கஜா புயலைப் பற்றிக் கேட்டதற்கு, "அளம் பூரா சேறு ஏறிப்போச்சு. ரொம்ப நாளு வேலை இல்ல" என்றார். அவ்வளவுதான்.

ராத்திரி ஹெட்போனில் கேட்டுப் பார்த்தோம். பாதிக்கு மேல் காற்றுதான் பேசியது. இன்னொரு தடவை எடுத்தே ஆக வேண்டும்.

மறுபடி போய்க் கேட்டபோது அவர் கோபப்படவில்லை. கணக்குதான் கேட்டார். "மறுபடியும் நின்னா அன்னைக்கு வேலை போயிரும் தம்பி. அந்தச் சம்பளத்த யாரு குடுப்பா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற ஒளிப்பதிவாளருக்கு அன்றைய சம்பளம் உண்டு. எனக்கும், குறைவுதான் என்றாலும், உண்டு. மூன்று பேர் சேர்ந்து செய்கிற வேலையில் ஒருத்தருக்கு மட்டும் கூலி இல்லை என்றால் அதற்கு என்ன நியாயம் சொல்வது? பிலிம் காலத்தில் செலவெல்லாம் சுருளில் போனது. காந்தியைப் பற்றிய படத்தை 1940இல் வெளியிட்ட ஏ.கே. செட்டியார் உலகம் முழுக்க அலைந்து 50,000 அடி சேர்த்தார் என்று படிக்கும்போது, அப்போதெல்லாம் ஒவ்வொரு அடியும் காசு என்பதுதான் முதலில் தோன்றும். யாரையும் இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்க யோசித்திருப்பார்கள். இப்போது கார்டை அழித்துவிட்டுத் திரும்ப எடுக்கலாம், நமக்கு ஒன்றும் ஆகாது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் நேரம்தான் செலவாகிறது, அது நம் கணக்கில் வருவதில்லை.

டிரோனை விட்டுவிட்டேன். சரணாலயத்தை ஒட்டிய இடம், அனுமதி வாங்குவதும் பெரும்பாடு என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அந்தப் பணத்திலிருந்து அக்காவுக்கு ஒரு முழு நாள் கூலி, என்ன வாங்குவாரோ அதே தொகை, முன்கூட்டியே கொடுத்தேன். நூறு ரூபாய் கூடப் போட்டுக் கொடுக்கலாமா என்று நினைத்து, வேண்டாம் என்று விட்டேன். கூலிக்கு மேலே ஒரு ரூபாய் போனாலும் அது வேறு மாதிரி ஆகிவிடும் என்று பட்டது. அந்த எல்லைக்கோடு எனக்கு அன்றைக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

மறுநாள் காலையில் அவர் வந்ததைப் பார்த்து ஒளிப்பதிவாளர் என்னைப் பார்த்தார். நல்ல புடவை, பச்சையில் சிவப்புக் கரை. தலையில் பூ. சட்டையும் இல்லை, துண்டும் இல்லை. முதல் நாள் எடுத்த காட்சிகளோடு ஒட்டாதே என்று, "அக்கா, வேலைக்குப் போடுற சட்டை கொண்டு வரலியா?" என்று கேட்டேன். "இன்னைக்கு வேலைக்கு வரலியே தம்பி, பேசத்தானே வந்துருக்கேன்" என்றார். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

ஓலை போட்டு மூடிய உப்பு அம்பாரத்துக்குப் பின்னால், காற்று படாத நிழலில் உட்காரவைத்தோம். கங்காணி கண்ணில் படாத இடம். கஜாவைப் பற்றிக் கேட்டேன். இந்தத் தடவை அவர் நேராக கேமராவுக்குப் பக்கத்தில் இருந்த என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"ராத்திரி பூரா வீட்டுக் கூரையப் புடிச்சுக்கிட்டு நின்னோம். மறுநாளு காலைல அளத்துக்கு ஓடியாந்தேன். பாத்தி எது, வரப்பு எதுன்னு தெரியல. அம்பாரம் இருந்த எடத்துல கையை விட்டு அள்ளுனேன், சேறா வந்துச்சு. வாயில வச்சுப் பாத்தேன். கரிச்சுது. அப்பதான் தம்பி அழுகையே வந்துச்சு."

சொல்லிவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டார். கட் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒளிப்பதிவாளர் தானாகவே ஓடவிட்டார். 28 நிமிடப் படத்தில் அந்த இடம்தான் படம். எடிட்டர் அதை எடுத்துக் கடைசிக்கு முன்னால் வைத்தார். உப்பு எப்படி விளைகிறது, தண்ணீர் பாத்தி மாறி மாறி, உப்புச் செறிவை அளக்கிற போமே அளவில் 25 டிகிரி பக்கம் வரும்போது எப்படிப் பூக்கிறது என்று நாங்கள் மெனக்கெட்டு எடுத்ததெல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்கு வழிவிட்டு ஓரமாகப் போனது. பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் பேசினார்கள். விழாக்களுக்கு அனுப்பிய கதைச்சுருக்கத்திலும் புயலுக்கு மறுநாள் சேற்றைச் சுவைத்த பெண் என்று நானே எழுதினேன்.

ஊரிலேயே ஒரு தடவை போட்டுக் காட்டினோம். வாடகை புரொஜெக்டர், வெள்ளை வேட்டி. முடிந்ததும் அக்கா சந்தோஷமாக வந்தார். நன்றாகப் பேசியிருக்கிறீர்கள் என்றேன். அதற்குத்தான் அவர் சொன்னார்: "காசு வாங்கிட்டு சும்மா ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போனா நல்லாவா இருக்கும்? அதான் நல்லாச் சொன்னேன்."

பக்கத்தில் இருந்த இன்னொரு அக்கா சிரித்துக்கொண்டே, "மறுநாளே எப்படிடீ போனே, ரோடெல்லாம் மரம் கெடந்துச்சே" என்றார். இவரும் சிரித்தார். பதில் சொல்லவில்லை. அதற்குள் சேர் எடுத்து வைக்கிற சத்தம், பிள்ளைகள் கூச்சல். நானும் கேட்கவில்லை.

இந்தப் பேச்சைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். நல்லாச் சொன்னேன் என்றால் என்ன அர்த்தம்? வாங்கின கூலிக்கு ஒழுங்காக உட்கார்ந்து, நினைவில் இருந்ததை மறைக்காமல் சொன்னேன் என்று இருக்கலாம். வாழ்நாள் முழுக்கக் கூலிக்கு வேலை பார்த்தவர். காசு வாங்கினால் வேலையைக் குறை வைக்கக் கூடாது என்பது அவருடைய மானம். முதல் நாள் எனக்குக் கிடைத்தது, வேலை நேரத்தில் திருடிய பத்து நிமிஷம். அதில் யாரும் மனசு திறந்து பேச மாட்டார்கள். இரண்டாம் நாள் அவர் பேசுவதற்காகவே வந்தார். நிழல், காற்றில்லாத இடம், கங்காணி இல்லை, அவசரம் இல்லை. இதெல்லாம் காசு கொடுத்ததால் வந்தது. அப்படிப் பார்த்தால் கூலிதான் உண்மையைப் பேசவைத்தது.

இப்படி யோசித்து முடிக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு வந்துவிடுகிறது. கஜா கரையேறியது 2018 நவம்பர் 16 விடியற்காலையில். அன்றைக்கு வேதாரண்யத்தில் மரம் விழாத சாலை இல்லை, கரண்ட் இல்லை, போன் இல்லை. கூரை போன வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு ஒருத்தர் அளத்துக்கு ஓடுவாரா? ஓடலாம். அவருடைய வீடு அளத்துக்கு ஒன்றும் தூரமில்லை, சாலை இல்லாவிட்டால் வரப்பு மேலேயே போகிறவர்கள் அவர்கள். ஆனால் அப்புறம் நான் போனில் விசாரித்தபோது வேறொருவர், நாலைந்து நாள் கழித்து எல்லாரும் சேர்ந்துதான் போய்ப் பார்த்தோம் என்றார். நாலைந்து நாள் மறுநாள் ஆகியிருக்கலாம். பெரிய துக்கம் வரும்போது எல்லாருக்கும் நாள் குழம்பும். இல்லை, வேறு யாரோ செய்ததை இவர் தன்னுடையதாகச் சொல்லியிருக்கலாம். இல்லை, எனக்கு என்ன வேண்டும் என்பது முதல் நாள் என் முகத்திலேயே தெரிந்திருக்கலாம். அவர் ஒரு வரியில் பதில் சொன்னபோதெல்லாம் என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

எடிட்டரிடம் சொன்னேன். அவருக்கு இதில் குழப்பமே இல்லை. படம் சொல்லவில்லை, அவர் சொல்கிறார். புயல் வந்தது நிஜம், சேறு ஏறியது நிஜம், வேலை போனது நிஜம். மீதி அவருடைய சொல் என்றார். ஒளிப்பதிவாளர் வேறு மாதிரி. அந்த 'மறுநாளு காலைல'வை மட்டும் வெட்டிவிட்டு மேலே சேற்றுக் காட்சி ஒன்றை வைத்துவிடலாமே என்றார். ரெண்டு நிமிஷ வேலை. கணினியில் அதைச் செய்தும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் சொன்னதை அவரிடம் கேட்காமல் நான் திருத்துவது, காசு கொடுத்ததைவிட மோசமாகத் தோன்றியது. பழையபடியே விட்டுவிட்டேன். கதைச்சுருக்கத்தில் மட்டும் மறுநாள் என்ற சொல்லை எடுத்தேன்.

அப்போ அவரிடமே கேட்டுவிட வேண்டியதுதானே என்று யாரும் சொல்வார்கள். போன் நம்பர் இருக்கிறது. பொங்கலுக்குப் பேசினோம், பேரன் பள்ளிக்கூடம் போகிற கதையெல்லாம் சொன்னார். ஆனால் எப்படிக் கேட்பது? அக்கா, நீங்கள் சொன்னது நிஜமா என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் அவர் என்ன பதில் சொன்னாலும் எங்களுக்குள் இருந்தது போய்விடும். நிஜம்தான் என்று சொன்னால் சந்தேகப்பட்டவன் ஆவேன். இல்லை என்று சொன்னால் படத்தை என்ன செய்வேன்? பத்திரிகைக்காரர் என்றால் கேட்டே ஆக வேண்டும். நான் பத்திரிகைக்காரர் இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம்தான், ஆனால் பார்க்கிறவர்கள் அந்த ஒரு நிமிஷத்தை நடந்ததாகத்தான் நம்புகிறார்கள், அவர்கள் அப்படி நம்ப வேண்டும் என்றுதான் நானும் அதை அங்கே வைத்தேன்.

காசு கொடுக்காத முதல் பேட்டியில் பொய் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும் என்பதையும் யோசிக்கிறேன். கங்காணி நின்றபோது, சம்பளம் எப்படி என்ற கேள்விக்கு "எல்லாம் நல்லாத்தான் குடுக்குறாக" என்றார். அதற்கு யாரும் காசு கொடுக்கவில்லை. அந்த வாக்கியத்தைச் சந்தேகப்பட்டு நான் ஒரு ராத்திரி கூட முழித்திருந்ததில்லை. படத்துக்கு அது தேவைப்படவில்லை, அதனால் விட்டுவிட்டேன்.

இப்போது அடுத்த படத்துக்குத் தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். பேசுகிறவர்களுக்கு இழந்த கூலி என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன், அதை யார் சொன்னாலும் எடுக்கப் போவதில்லை. எப்போது கொடுப்பது என்பதுதான் முடிவாகவில்லை. எல்லாப் பேட்டியும் முடிந்து, கேமராவைப் பையில் வைத்த பிறகு, கடைசி நாளில் கொடு, அப்போது காசு பேச்சைத் தொடாது என்கிறார் ஒரு நண்பர். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அன்றாடக் கூலிக்காரரிடம், வேலையை முடி, காசு கடைசியில் பார்க்கலாம் என்று சொல்வதுதான் அவர்கள் ஊரில் எல்லா முதலாளியும் செய்வது. தேதிக்கான இடத்தை இன்னும் நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.