யானை ஏன் நாலாவது வரிசைக்குப் போக வேண்டும்?

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்து ஞாயிற்றுக்கிழமை ரேபிட் (வேக) சதுரங்கப் போட்டிகளில் "லூசெனா தெரியும்" என்று சொல்லும் பிள்ளைகள் நிறைய பேர். ராஜா, யானை, ஏழாவது வரிசை வரை வந்த ஒரு சிப்பாய் ஒரு பக்கம், ராஜா, யானை மட்டும் மறுபக்கம் இருக்கும் கடைசிக் கட்ட நிலைக்குத்தான் அந்தப் பெயர். கடிகாரத்தில் ஒரு நிமிடம் இருக்கும்போது அதே நிலை பலகையில் வந்தால், முதல் வேலையாக ராஜாவைத்தான் வெளியே இழுக்கிறார்கள். பெயர் தெரிகிறது, காரணம் தெரிவதில்லை. (அந்தப் பெயரும் சரியில்லை. ஸ்பானிய எழுத்தாளர் லூசெனாவின் 1497 சதுரங்கப் புத்தகத்தில் இந்த நிலை கிடையாது. 1634-இல் இத்தாலியரான சால்வியோதான் அச்சில் கொடுத்தார்.)

பலகையில் அடுக்கிப் பாருங்கள் (எழுத்து நெடுவரிசை, எண் வெள்ளைப் பக்கத்திலிருந்து எண்ணும் வரிசை). வெள்ளை: ராஜா டி8, சிப்பாய் டி7, யானை ஈ1. கருப்பு: ராஜா எஃப்7, யானை சி2. முதல் நகர்வு வெள்ளைக்கு. சிப்பாய் ராணியாக வேண்டிய கட்டத்தில் ராஜாவே நிற்கிறது, அது செக்குக்குத் தப்பி வெளியே வர வேண்டும்.

முதலில் யானை எஃப்1, செக். கருப்பு ராஜா ஜி7-க்கு ஒதுங்கும். அது ஈ6-க்கு வந்தால் வெள்ளை ராஜா ஈ8, கதை முடிந்தது. இப்போது ஈ7 காலியாகிவிட்டதே என்று உடனே ராஜாவை அங்கே வைத்தால் ஈ2-வில் செக், டி6 போனால் டி2-வில் செக். ஒளிய இடமில்லாமல் டி8-க்கே திரும்ப வேண்டியதுதான். செக்குக்குப் பயந்து டி5 வரை இறங்கி, அங்கிருந்து சி5-க்கு நகர்ந்தால் சிப்பாயும் போச்சு.

சரியான ஆட்டம் யானை எஃப்4. கருப்பு யானை சி1-இல் காத்திருக்கட்டும். ராஜா ஈ7, ஈ1-இல் செக், ராஜா டி6, டி1-இல் செக், ராஜா ஈ6, ஈ1-இல் செக், ராஜா டி5, டி1-இல் செக், யானை டி4. செக் தீர்ந்தது. யானையை வெட்டினால் ராஜா திருப்பி வெட்டும், சிப்பாய் ராணியாகும். நடுவில் கருப்பு செக் கொடுக்காமல் டி2-வில் நின்று காத்திருந்தால் யானையை எஃப்5-க்கு ஏற்றி, டி5-இல் அதே வேலையைச் செய்யலாம்.

மூன்றாவது வரிசையில் நிறுத்தினால் என்ன கெடும்? கடைசி செக்குக்கு டி3-இல்தான் குறுக்கே வைக்க முடியும். டி5-இல் நிற்கும் ராஜாவுக்கு டி3 எட்டாது, யானை சும்மா போய்விடும். டி4 என்றால் ராஜாவை ஒட்டிய கட்டம், காவல் உண்டு. சதுரங்க மேதை நிம்சோவிச் இதைப் பாலம் கட்டுவது என்றார். நம் பாலாற்றுப் பாலம் மாதிரி, வெள்ளம் வருவதற்கு முன்பே கட்டி நிற்க வேண்டும். செக் ஆரம்பித்த பிறகு கட்ட நேரம் இருக்காது.

ஓரச் சிப்பாய்க்கு இந்த வித்தை செல்லாது. சிப்பாய் ஏ7, ராஜா ஏ8, கருப்பு ராஜா சி7 என்றால் மூலையிலிருந்து வெளியே வர வழியில்லை, ட்ராதான்.

இன்னொன்று, இந்த நிலை தானாக வராது. சிப்பாய் ஐந்தாவது வரிசையில் இருக்கும்போது கருப்பு தன் யானையை ஆறாவது வரிசையில் வைத்து வெள்ளை ராஜாவை மறிக்கும். அது பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஆட்டக்காரர் ஃபிலிடோர் சொன்ன தற்காப்பு. பொறுமையிழந்து சிப்பாயை ஆறுக்குத் தள்ளினால் கருப்பு யானை முதல் வரிசைக்கு இறங்கிப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆறாவது வரிசைக்கு முதலில் ஏற வேண்டியது ராஜா. அதற்கு எதிரி ராஜாவை யானையால் முன்கூட்டியே ஒரு பக்கமாகத் தடுத்து, சிப்பாய்ப் பக்கம் வர விடாமல் வைத்திருக்க வேண்டும்.