விலை ஏறும்போது யாரைக் கேட்பது?

மக்கள் கருத்தைக் கணிக்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறார்கள். ஆட்சியில் இருப்பவரின் செயல்பாடு திருப்தியாக இருக்கிறதா? குடும்பச் செலவைச் சமாளிக்க முடிகிறதா? நாட்டின் தொழில்களையும் சேவைகளையும் வெளிநாட்டு நிறுவனங்கள் வாங்குவதை ஏற்கிறீர்களா? விடைகள் மூன்று தனி வரைபடங்களாக வெளியாகின்றன. அவற்றின் மீது மூன்று தனி விவாதங்களும் நடக்கின்றன. இத்தகைய கணிப்புகளைத் தொடர்ந்து வாசித்துவரும் எனக்கு, இம்மூன்றும் ஒரே கேள்வியிலிருந்து பிறந்தவை என்றே தோன்றுகிறது. நான் கட்ட வேண்டிய தொகையை யார் முடிவு செய்கிறார்கள், அது தாங்க முடியாமல் போனால் நான் யாரிடம் போய் முறையிடுவது என்பதே அந்தக் கேள்வி.

தலைவர்களின் செல்வாக்கு என்று நாம் சொல்வது எவ்வளவு விரைவாகக் கரையக்கூடியது என்பதற்கு அமெரிக்காவின் மூத்த ஜார்ஜ் புஷ் கதையைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1991-இல் வளைகுடாப் போர் முடிந்த கையோடு கேலப் நிறுவனம் எடுத்த கணிப்பில் 89 சதவீதம் பேர் அவருடைய செயல்பாட்டை ஆதரித்தார்கள். 1992-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அது 29 சதவீதமாகச் சரிந்தது. அந்த ஆண்டு நவம்பரில் அவர் தேர்தலிலும் தோற்றார். இடைப்பட்ட காலத்தில் அவருடைய குணமோ திறமையோ மாறிவிடவில்லை. பொருளாதார மந்தமும் வேலையின்மையும் வீடுகளுக்குள் நுழைந்திருந்தன, அவ்வளவுதான். 2024-ஆம் ஆண்டின் தேர்தல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தாலும் இதே போக்கு தெரிகிறது. பிரிட்டனில் கன்சர்வேடிவ் கட்சி ஆட்சியை இழந்தது. அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சி தோற்றது. ஜப்பானில் ஆளும் கட்சிக் கூட்டணிக்குக் கீழவைப் பெரும்பான்மை போயிற்று. தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 1994-க்குப் பிறகு முதல்முறையாகப் பாதிக்கும் குறைவான வாக்குகளைப் பெற்றது. வலதுசாரி, இடதுசாரி என்ற வேறுபாடு இவற்றில் பெரிதாக உதவவில்லை. ஒவ்வொரு நாட்டிலும் உள்ளூர்க் காரணங்கள் பல இருந்தன என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் விலையேற்றம் இவற்றில் பெரும்பாலானவற்றின் பின்னணியில் நின்றது.

இங்கே ஆட்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு விளக்கத்தை நான் கவலையோடு பார்க்கிறேன். பணவீக்கம் குறைந்துவிட்டது, மக்கள்தான் அதை உணர மறுக்கிறார்கள் என்பது அந்த விளக்கம். அமெரிக்காவில் 2022 ஜூனில் 9.1 சதவீதமாகவும், பிரிட்டனில் அதே ஆண்டு அக்டோபரில் 11.1 சதவீதமாகவும் இருந்த பணவீக்கம் பிறகு இறங்கியது உண்மை. ஆனால் பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். வேகம் குறைந்தால் விலை குறைந்ததாக ஆகாது. ஏறிய விலை ஏறிய இடத்திலேயே நிற்கிறது, ஊதியம் அதை எட்டிப் பிடிக்கும்வரை குடும்பம் ஏழ்மைப்பட்டே இருக்கிறது. ஊதியம் உயரும்போதும் மக்கள் அதை அரசின் கொடையாகக் கருதுவதில்லை. பொருளாதார அறிஞர்களான ராபர்ட் ஷில்லர் அமெரிக்கா, ஜெர்மனி, பிரேசில் ஆகிய நாடுகளில் நடத்தி 1997-இல் வெளியிட்ட ஆய்வும், ஸ்டெஃபானி ஸ்டான்ட்சேவா 2024-இல் வெளியிட்ட ஆய்வும் ஏறத்தாழ ஒரே உணர்வைப் பதிவு செய்தன: ஊதிய உயர்வு என் உழைப்புக்குக் கிடைத்தது, விலை உயர்வு என்மேல் சுமத்தப்பட்டது. பொருளாதார வல்லுநர்கள் சிலர் இதை அறியாமை என்கிறார்கள். எனக்கு இது நியாயமான உணர்வாகவே படுகிறது. விலை உயர்வுக்காக எவரும் விண்ணப்பிக்க வேண்டியிருப்பதில்லை. ஊதிய உயர்வுக்காகத்தான் ஒவ்வொருவரும் தனியே போராட வேண்டியிருக்கிறது. ஊதியத்தை அரசே கையில் எடுத்துக்கொண்ட மெக்சிகோவில், 2018-இல் நாளொன்றுக்கு 88 பெசோவாக இருந்த பொதுவான குறைந்தபட்ச ஊதியம் 2024-இல் ஏறக்குறைய 249 பெசோவாக உயர்ந்திருந்தது. உலகெங்கும் ஆளும் கட்சிகள் அடிவாங்கிய அந்த ஆண்டில், அங்கே ஆளும் கட்சி வேட்பாளர் கிளாடியா ஷெயின்பாம் ஏறத்தாழ 60 சதவீத வாக்குகளோடு வென்றார்.

பெருந்தொற்றுக்குப் பிறகு குலைந்துகிடந்த சரக்குப் போக்குவரத்தையும், 2022 பிப்ரவரியில் தொடங்கிய உக்ரைன் போர் எரிபொருள், தானிய விலைகளில் ஏற்படுத்திய அதிர்ச்சியையும் எந்தத் தனித் தலைவரும் தடுத்திருக்க முடியாது என்பதும் உண்மைதான். ஆயினும் அந்த அதிர்ச்சியின் சுமையை யார்மேல் ஏற்றுவது என்பதை முடிவு செய்தவர்கள் தலைவர்களே. இதற்கு நான் எப்போதும் நினைத்துப் பார்க்கும் உதாரணம் பிரான்சின் ஈடிஎஃப் மின் நிறுவனம். அந்த நிறுவனம் பிரான்சில் அரசின் பெரும்பான்மை உடைமையாக இருந்தது. பிரிட்டனில் அது மின்சாரம் விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களுள் ஒன்று. 2022 பிப்ரவரியில் பிரான்ஸ் அரசு வீடுகளுக்கான மின்கட்டண உயர்வை 4 சதவீதத்தோடு நிறுத்தியது. அதே ஆண்டு ஏப்ரலில் பிரிட்டனில் ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கும் எரிசக்திக் கட்டண வரம்பு 54 சதவீதம் உயர்ந்தது. ஒரே நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள், ஆங்கிலக் கால்வாயின் இரு கரைகளிலும் இரண்டு வேறு கதிக்கு ஆளானார்கள். பிரான்சின் வழி செலவில்லாத வழி அல்ல. அணு உலைகள் பல பழுதுபட்டு நின்றதும் சேர்ந்துகொள்ள, அந்த நிறுவனம் அவ்வாண்டில் ஏறத்தாழ 1,790 கோடி யூரோ நட்டம் கண்டது, அதைக் கடைசியில் சுமப்பவர் வரி கட்டுபவர்தான். இருந்தாலும் அது வெளிப்படையாக எடுக்கப்பட்ட அரசியல் முடிவு. அதை ஏற்கவோ எதிர்க்கவோ வாக்காளருக்கு வழி இருந்தது.

இனி வெளிநாட்டு உடைமைக்கு வருகிறேன். விலை ஏறி மக்கள் கோபம் கொள்ளும்போது, அந்தக் கோபத்தைத் தன்மேலிருந்து திருப்பிவிட ஒரு தலைவருக்கு மிக எளிதில் அகப்படுவது அந்நிய முதலாளி. அந்த அச்சம் எவ்வளவு சீரற்று இயங்குகிறது என்பதை 2006-ஆம் ஆண்டின் துறைமுக விவகாரம் காட்டியது. துபாய் அரசுக்குச் சொந்தமான டிபி வேர்ல்டு நிறுவனம் பிரிட்டனின் பி அண்ட் ஓ நிறுவனத்தை வாங்கியபோது, நியூயார்க், பால்டிமோர், மியாமி உள்ளிட்ட அமெரிக்கத் துறைமுகங்களின் சரக்கு முனையங்களை நடத்தும் பொறுப்பும் அதன் கைக்குப் போகவிருந்தது. நாடாளுமன்றத்தில் இரு கட்சிகளும் சேர்ந்து எதிர்த்தன. முடிவில் அந்த அமெரிக்கப் பகுதி வேறு கைக்கு விற்கப்பட்டது. அந்த முனையங்கள் அதற்கு முன்பும் வெளிநாட்டு நிறுவனத்திடமே இருந்தன என்பதும், அப்போது இத்தகைய எதிர்ப்பு எழவில்லை என்பதும் விவாதத்தில் எடுபடவில்லை. மக்களின் கணிப்பில் பதிவானது உடைமையைப் பற்றிய கருத்தா, அரபு நாட்டவர் மீதான ஐயமா என்று பிரித்தறிய முடியாத நிலை அது. இப்படிப்பட்ட கணிப்புகளை வைத்துக் கொள்கை வகுப்பது எனக்கு ஏற்புடையதல்ல.

உள்நாட்டு முதலாளி என்றால் விலை நியாயமாக இருக்கும் என்ற நம்பிக்கையும் சோதனைக்கு நிற்பதில்லை. மெக்சிகோவின் தொலைபேசி நிறுவனமான டெல்மெக்ஸ் 1990-இல் தனியாருக்கு விற்கப்பட்டபோது, அந்நாட்டவரான கார்லோஸ் ஸ்லிம் தலைமையிலான குழு அதைப் பெற்றது. போட்டி முறையாக வளரவிடப்படாத அந்தச் சந்தையில், 2005 முதல் 2009 வரை மக்களும் பொருளாதாரமும் இழந்த தொகை 12,900 கோடி டாலருக்கும் மேல் என்று வளர்ந்த நாடுகள் பலவற்றின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி 2012-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. மறுபுறம், 1989-இல் கடனின்றித் தனியாரிடம் தரப்பட்ட லண்டனின் தேம்ஸ் வாட்டர், ஜெர்மானிய நிறுவனத்திடமும் பிறகு ஆஸ்திரேலிய முதலீட்டு வங்கியான மக்வாரி தலைமையிலான குழுவிடமும் கைமாறி, பல நூறு கோடி பவுண்டு கடனில் மூழ்கியது. அதே காலத்தில் பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையும் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் தண்ணீர்க் கட்டணம் பிடிக்கவில்லை என்று வேறு குழாய்க்கு மாற முடியாது. உடைமையாளர் எந்த நாட்டவர் என்பதைவிட, விலகிப்போக வழியற்ற வாடிக்கையாளரிடம் அவர் எவ்வளவு வாங்கலாம், எவ்வளவு கடன் ஏற்றலாம் என்பதை வரையறுக்கும் ஆணையம் விழித்திருந்ததா என்பதே என்னுடைய முதல் கேள்வி.

தலைவர், விலை, அந்நிய நிறுவனம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் மோதிக்கொண்ட நிகழ்வு பொலிவியாவின் கொச்சபம்பா நகரத்துத் தண்ணீர்ப் போராட்டம். 1999-இல் அந்நகரின் குடிநீர் விநியோகம் 40 ஆண்டு ஒப்பந்தத்தில் ஆகுவாஸ் டெல் துனாரி என்ற கூட்டமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏலத்தில் கலந்துகொண்டது அந்த ஒரு கூட்டமைப்பு மட்டுமே. அமெரிக்காவின் பெக்டெல் நிறுவனம் அதில் முதன்மைப் பங்கு வகித்தது, ஸ்பெயினின் அபெங்கோவாவும் பொலிவிய நிறுவனங்களும்கூட அதில் இருந்தன. உள்ளூர் அரசியல்வாதிகள் வற்புறுத்திய மிசிகூனி அணைத் திட்டத்தின் செலவையும் அந்த ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கட்டணம் உயர்ந்தது. சில வீடுகளுக்கு இருமடங்காயிற்று. மக்கள் சாலைகளை மறித்தார்கள், அதிபர் ஹூகோ பன்செர் ஏப்ரலில் நெருக்கடிநிலை அறிவித்தார், 17 வயதுச் சிறுவன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டான். அந்த மாதத்திலேயே ஒப்பந்தம் ரத்தானது. பிறகு நிறுவனம் பன்னாட்டு நடுவர் மையத்தில் இழப்பீடு கோரியது. உலகெங்கும் எழுந்த எதிர்ப்பால் 2006-இல் அந்நாட்டு நாணயத்தில் 2 பொலிவியானோ என்ற பெயரளவுத் தொகைக்கு அந்த வழக்கு முடிந்தது.

இந்த வெற்றியைக் கொண்டாடுகிறவர்கள் அதன் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். தண்ணீர் மீண்டும் நகராட்சி நிறுவனத்திடம் வந்தது, ஆனால் நகரின் தெற்குப் பகுதி ஏழைகள் பல ஆண்டுகளுக்குப் பிறகும் லாரித் தண்ணீரையே அதிக விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். மிசிகூனி அணை 2017-இல்தான் முடிந்தது. போராடியவர்கள் தவறிழைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கேட்டதில் நியாயம் முழுமையாக இருந்தது. ஒரே ஏலதாரரோடு அப்படியோர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களும், அணைச் செலவை மக்கள் கட்டணத்தில் ஏற்றச் சொன்னவர்களும் உள்நாட்டுத் தலைவர்களே என்பது மட்டும் அந்நிய நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் மறைந்துபோனது.

வாக்குறுதிகளைப் பற்றியும் ஒரு சொல். 2009-இல் அமெரிக்காவின் கிராஃப்ட் நிறுவனம் பிரிட்டனின் கேட்பரியை வாங்க முயன்றபோது, பிரிஸ்டலுக்கு அருகிலுள்ள சோமர்டேல் ஆலையைத் தொடர்ந்து நடத்த விரும்புவதாகச் சொன்னது. 2010-இல் வாங்கி முடித்த சில நாட்களிலேயே ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. கையகப்படுத்தல்களைக் கண்காணிக்கும் குழு அதைக் கண்டித்தது, விதிகளும் மாற்றப்பட்டன, ஆலை மட்டும் திறக்கப்படவில்லை. ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் அமெரிக்காவின் யு.எஸ். ஸ்டீலை 1,490 கோடி டாலருக்கு வாங்க 2023 டிசம்பரில் முன்வந்தபோது, தொழிற்சங்கத் தலைமை எதிர்த்தது. ஆனால் பென்சில்வேனியாவின் பழைய ஆலைகளில் வேலை செய்த பலர், முதலீடு வராவிட்டால் உலைகள் அணைந்துவிடும் என்று அஞ்சி அதை ஆதரித்தார்கள். 2025 ஜனவரியில் பைடன் தடுத்தார், ஜூனில் டிரம்ப் அனுமதித்தார். இம்முறை வாய்ச்சொல்லோடு விடாமல், ஆலைகளை மூடுவது முதலான முடிவுகளைத் தடுக்கும் சிறப்புப் பங்கு ஒன்றை அரசு எழுத்தில் வாங்கிக்கொண்டது. சில மாதங்களில் இல்லினாய் மாநிலத்தின் கிரானைட் சிட்டி ஆலையில் வேலையை நிறுத்தும் திட்டம் வெளியானது. அரசு தலையிட்டதும் நிறுவனம் பின்வாங்கியது. கேட்பரித் தொழிலாளர்களுக்குக் கிடைக்காத ஒரு பிடி இது என்பதால் நான் இதை வரவேற்கிறேன். ஆனால் அந்த உரிமை தொழிலாளரிடமோ நாடாளுமன்றத்திடமோ இல்லை, அதிபரின் விருப்பத்தில் இருக்கிறது. அடுத்த ஆலைக்கு ஆபத்து வரும் நாளில் அவர் தலையிட மறுத்தால், அவரைக் கேள்வி கேட்கும் வழி எதுவும் அந்த ஒப்பந்தத்தில் தொழிலாளருக்கு எழுதித் தரப்படவில்லை.