சத்து மாத்திரைக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை: நாள்பட்ட சோர்வு நோயோடு என் அனுபவம்

நாள்பட்ட சோர்வு நோய் என்று ஏற்கெனவே பெயர் சொல்லப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தப் பெயர் கிடைப்பதற்குள் படும் பாடு தனிக் கதை. எனக்கு 2022 மழைக்காலத்தில் டெங்கு வந்தது. காய்ச்சல் போனது, அசதி போகவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் ஆன பிறகு, மற்ற நோய்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, மதுரையில் ஒரு மூத்த மருத்துவர் இதுதான் என்றார். அந்த இடைப்பட்ட காலத்திலும் அதற்குப் பிறகும் ஆளாளுக்கு எழுதித் தந்த சத்து மாத்திரைகளால் நான் அலைந்த அலைச்சலைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த நோயைக் குணமாக்கும் வைட்டமின் எதுவும் இன்றைக்குக் கிடையாது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வைட்டமின், தாது மாத்திரைகளை இதற்குச் சிகிச்சையாக வழக்கமாகச் சாப்பிடுவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடப்பவர்களுக்கு வைட்டமின் டி குறையலாம், அதைக் கவனியுங்கள் என்றும் சொல்கிறது. ஆக, உடம்பில் எது குறைகிறதோ அதைக் கண்டுபிடித்து நிரப்புவதுதான் நம்மால் ஆகிற காரியம். கேட்க எளிதாக இருக்கிறது. நடைமுறையில் அந்தக் கண்டுபிடிப்புக்குத்தான் எத்தனை முட்டுக்கட்டை!

பி12-இல் இருந்து ஆரம்பிக்கிறேன். நான் சைவம். எனவே குறைவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு என்று எனக்கே தெரியும். வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில், "சோர்வா இருக்கா, ஒரு ஊசி போட்டுக்கோங்கம்மா, தெம்பா இருக்கும்" என்று மெத்தில்கோபாலமின், அதாவது பி12 ஊசியைப் போட்டுவிட்டு, அதற்கு அப்புறம் ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார்கள். முடிவு 2000-க்கு மேல் என்று வந்தது. ஊசியில் போன மருந்தைத்தான் அந்தச் சோதனை அளந்திருக்கிறது. எனக்கு உண்மையில் குறைபாடு இருந்ததா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. பணம் போனதுகூடப் பரவாயில்லை. ஆய்வகம் வரை போய் வந்ததற்கு நான் படுக்கையில் கொடுத்த விலை அதிகம். இந்த நோய் உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: அலைந்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது, அடுத்த நாளோ அதற்கும் அடுத்த நாளோ ஆளைத் தூக்கிப் போட்டுவிடும். அதனால் ஒவ்வொரு வீண் அலைச்சலும் நமக்கு ஒரு கிராஷ். ஊசியோ மாத்திரையோ எது தந்தாலும், "முதலில் ரத்தம் எடுத்துவிடுங்கள், அப்புறம் போடுங்கள்" என்று சொல்லுங்கள். முகம் சுளித்தாலும் விடாதீர்கள்.

வைட்டமின் டி-யில் சோதனை ஒழுங்காக நடந்தது. மில்லிலிட்டருக்கு 9 நானோகிராம் என்று வந்தது. 20-க்குக் கீழே போனாலே குறைபாடு என்பார்கள். 60,000 ஐ.யூ. காப்ஸ்யூல், வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று மருத்துவர் சரியாகத்தான் எழுதியிருந்தார். மருந்துக் கடையில் மற்ற மாத்திரைகளோடு சேர்த்து அதையும் காகித உறையில் போட்டு, மேலே பேனாவால் 1-0-0 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதாவது தினமும் காலையில் ஒன்று. பட்டையைக் கையில் எடுத்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. பட்டையில் நான்கே காப்ஸ்யூல்தான் இருந்தது. தினமும் சாப்பிடுகிற மாத்திரை என்றால் பத்தோ பதினைந்தோ அல்லவா இருக்கும்? கடைக்கு போன் போட்டால், "டாக்டர் எழுதினதைத்தான் மேடம் எழுதியிருக்கோம்" என்கிறார் அந்தத் தம்பி. சீட்டைப் படமெடுத்து அனுப்பிய பிறகுதான் ஒத்துக்கொண்டார். தினமும் 60,000 என்று மாதக் கணக்கில் போயிருந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு வரை போயிருக்கும். அந்த அறிகுறிகளில் பாதி நம் நோயின் அறிகுறி மாதிரியே இருக்கும் என்பதுதான் பயங்கரம். 60,000 என்ற எண்ணைப் பார்த்தால் "வாரம் ஒரு தடவை" என்று பட்டையின் மேலேயே ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவிடுங்கள். கொழுப்புள்ள சாப்பாட்டோடு சாப்பிட்டால்தான் நன்றாகச் சேரும். நான் ஞாயிறு மதியம் நெய் விட்ட பருப்புச் சோற்றுக்கு அப்புறம் போட்டுக்கொண்டேன். எட்டு வாரம் முடிந்ததும் குறைந்த அளவுக்கு மாற்றினார்கள். கை கால் வலி ஓரளவு விட்டது. சோர்வு அப்படியேதான் இருந்தது.

இரும்புச்சத்து விஷயத்தில்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. என் ஹீமோகுளோபின் 12-ஐ ஒட்டியே இருந்தது. "ரத்தசோகை இல்லை, இரும்பு எதுக்கு?" என்று ஒரு மருத்துவர் முடித்துவிட்டார். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் சேமிப்பில் இருக்கும் இரும்பு வற்றியிருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின். அதைப் பார்க்கலாமா என்று கேட்டேன். என் பழைய கோப்பைப் புரட்டி, டெங்கு சமயத்தில் மருத்துவமனையில் எடுத்த ஃபெரிட்டின் ஆயிரத்தைத் தாண்டி இருந்ததைக் காட்டி, "உங்களுக்கு இரும்பு வழியுதும்மா" என்றார். டெங்குவில் ஃபெரிட்டின் எகிறும். மற்ற காய்ச்சலிலும், உடம்புக்குள் அழற்சி இருந்தாலும்கூட அது உயரலாம். அந்த எண் நோயின் கடுமையைச் சொல்லுமே தவிர, சேமிப்பில் எவ்வளவு இரும்பு என்று சொல்லாது. அதைச் சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை.

சரி, நானே காசு கொடுத்துப் பார்த்துவிடுகிறேன் என்று ஆய்வகத்துக்குப் போனால், கவுன்டரில் இருந்தவர் ரசீதில் சீரம் அயர்ன் என்று அடித்தார். நான் கேட்டது ஃபெரிட்டின் என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான் மேடம், இரும்புதானே பாக்கணும்?" இல்லை, வேறு வேறு என்றேன். "எங்க லிஸ்ட்ல அயர்ன் இதுதான்." பின்னால் வரிசை நின்றது. எனக்கு நிற்க முடியவில்லை, நெஞ்சு படபடத்தது, உட்காரப் போய்விட்டேன். ரத்தமும் எடுத்துவிட்டார்கள். முடிவில் சீரம் அயர்ன் மட்டும்தான் இருந்தது. அது அன்றன்றைக்குச் சாப்பாட்டைப் பொறுத்துக்கூட மாறும், சேமிப்பைப் பற்றி அதை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது.

அதற்குப் பிறகு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பவர்களைப் பிடித்தேன். கூடுதலாகக் கொஞ்சம் வாங்குவார்கள், கொடுத்துவிடுங்கள். சோதனையின் பெயரை முதல் நாளே வாட்ஸப்பில் எழுதி அனுப்பி, அதே பெயர் ரசீதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கையை நீட்டினேன். ஃபெரிட்டின் 8 என்று வந்தது. பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே இருந்தால் இரும்புச் சேமிப்பு வற்றிவிட்டது என்று உலக சுகாதார நிறுவனமே வரையறுத்திருக்கிறது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, மூத்த மருத்துவரிடம் போனேன். இரண்டே நிமிடத்தில் இரும்பு மாத்திரை எழுதினார். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும், அப்படிச் சாப்பிட்டால் உடம்பு நன்றாக உறிஞ்சும், வயிறும் அவ்வளவு கட்டாது என்றார். காபிக்கும் மாத்திரைக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இருக்க வேண்டும். எழுந்ததும் காபி குடிக்கிற பழக்கம் உள்ளவர்கள் மாத்திரையை மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம். எலுமிச்சைச் சாறோடு போட்டுக்கொண்டால் நல்லது. கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடாதீர்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

இந்த நடுவில் நடந்ததுதான் பெரிய கூத்து. முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியதற்குத் தோல் மருத்துவர் ஒருவர் பயோட்டின் என்ற பி வைட்டமினை 10 மி.கி. எழுதியிருந்தார். வழக்கமான பரிசோதனையில், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். மிகக் குறைவாகவும், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 அதிகமாகவும் வந்தது. எனக்கு ஏற்கெனவே எழுந்து நின்றால் படபடப்பு, தூக்கம் இல்லை. எல்லாம் ஒத்துப்போக, தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று, அதைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரையை எழுதிவிட்டார்கள். சோர்வுக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். என் வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கியே வந்துவிட்டார். போடுவதற்கு முன் ஒரு தைராய்டு டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று நான்தான் பிடிவாதமாக இருந்தேன். அவர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "முடிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

பயோட்டின் நம் தைராய்டை ஒன்றும் செய்வதில்லை. பல ஆய்வகங்கள் பயன்படுத்தும் சோதனை முறையைக் குழப்பிவிடுகிறது. அந்த முறையிலேயே பயோட்டினை ஒட்டவைத்து அளக்கிறார்கள் என்பதால், ரத்தத்தில் அது மிதந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் தெரியும். அமெரிக்காவின் உணவு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-லேயே இது பற்றி எச்சரித்திருக்கிறது. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் டிரோபோனின் சோதனைகூடத் தவறாகக் குறைத்துக் காட்டலாம் என்று. பயோட்டினை நிறுத்திச் சில நாள் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தேன். எல்லாம் இயல்பு. கார்பிமசோல் பட்டை பிரிக்கப்படாமலே கடைக்குத் திரும்பிப் போனது. அந்த ஆய்வகத்தில் ரத்தம் எடுப்பதற்கு முன் சாப்பிட்டீர்களா என்று கேட்டார்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. நீங்களே சொல்லுங்கள். முடி, நகம், தோல் என்று போட்ட மாத்திரைகள் பலவற்றில் பயோட்டின் இருக்கும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் என்னிடமிருந்த எல்லாப் பட்டைகளையும் கட்டிலில் பரப்பி, பின்பக்கத்து எழுத்தைக் கைபேசியில் பெரிதாக்கிப் படித்தேன். நரம்புக்கு என்று எழுதியது, பி காம்ப்ளெக்ஸ், மல்டிவைட்டமின் என்று மூன்றிலும் பைரிடாக்சின், அதாவது பி6. மூன்று மருத்துவர்கள், ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. பி6 அதிக நாள், அதிக அளவில் போனால் அதுவே கை கால் மரத்துப்போகச் செய்யும். மரத்துப்போகிறது என்று போனால் நரம்புச் சத்து என்று இன்னும் பி6 எழுதுவார்கள். இரண்டை அன்றே நிறுத்துகிறேன் என்றேன், மருத்துவரும் சம்மதித்தார்.

உடம்பின் செல்கள் ஆற்றல் உண்டாக்க உதவும் பொருளான கோ-என்சைம் கியூ10 பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். ஸ்பெயினில் அதை 200 மி.கி.யும், அதே வேலைக்கு உதவும் என்.ஏ.டி.எச். என்ற பொருளை 20 மி.கி.யும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வுகளில் சோர்வு கொஞ்சம் குறைந்ததாகச் சொன்னார்கள். சில மாதம் வாங்கிச் சாப்பிட்டேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, செலவு தாங்கவில்லை, நிறுத்தினேன். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. மெக்னீசியம் கிளைசினேட் கெண்டைக்கால் இழுப்புக்கு உதவியது. அதன் லேபிளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: 550 மி.கி. என்று முன்னால் பெரிதாகப் போட்டிருந்தாலும் அதில் உண்மையான மெக்னீசியம் 80-ஐக்கூட எட்டாது. பின்னால் உள்ள அட்டவணையைப் பார்த்து வாங்குங்கள். இப்படிப்பட்ட டப்பாக்களில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பார்கள், ஏனென்றால் சட்டப்படி அவை உணவு. அலுவலகத்தில் மருத்துவச் செலவுக்கு ரசீது வைத்தபோது அந்த ஒரு வரியைக் காட்டித்தான் திருப்பி அனுப்பினார்கள்.

சித்தி ஊரிலிருந்து அமுக்கரா சூரணம் கொண்டுவந்தார். அவர் அன்பை மறுக்க முடியாது. ஆனால் அதில் முக்கியமாக இருப்பது அஸ்வகந்தாதான். கல்லீரல் பாதிப்பு சிலருக்கு வந்திருக்கிறது, தைராய்டு அளவையும் ஏற்றக்கூடும். இப்போதுதான் அந்தத் தைராய்டுக் குழப்பத்திலிருந்து மீண்டிருக்கிறேன் சித்தி, ஒரு நேரத்தில் ஒன்றுதான் மாற்ற வேண்டும் என்று சொன்னேன். புரிந்துகொண்டார். யார் என்ன தந்தாலும், ஒன்றைத் தொடங்கி மூன்று நான்கு வாரம் வேறு எதையும் மாற்றாமல் இருங்கள். இல்லையென்றால் எது உதவியது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

எனக்கு உடனே பலன் தெரிந்தது எந்த வைட்டமினிலும் இல்லை, உப்புக் கரைசலில்தான். எழுந்து நின்றால் வரும் அந்தப் படபடப்புக்காக, பத்து நிமிடம் சுவரில் சாய்ந்து நின்று நாடித்துடிப்பைப் பார்த்ததில், படுத்திருந்ததைவிட நிமிடத்துக்கு 30 துடிப்புக்கு மேல் ஏறியது. ஓ.ஆர்.எஸ். குடித்துப் பாருங்கள் என்றார் மருத்துவர். கடையில் கேட்டால் பழச்சாறு மாதிரி அட்டைப்பெட்டியை எடுத்து நீட்டினார்கள். குடித்தால் வெறும் இனிப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், கூடவே பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் இருக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கச் சொல்லும் தூள் பாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். 2025 அக்டோபரில்தான் அந்த அளவில் இல்லாத பானங்களில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் தரநிலை ஆணையம் உத்தரவு போட்டது. காலையில் படுக்கையிலிருந்து எழுவதற்கு முன்பே ஒரு டம்ளர் குடித்துவிட்டால் குளித்துவிட்டு வந்து உட்காரும் அளவுக்காவது தெம்பு இருக்கிறது. உயர் ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

இப்போது என் மேசையில் இருப்பது குறைந்த அளவு வைட்டமின் டி, பி12, ஒருநாள் விட்டு ஒருநாள் இரும்பு, இரவில் மெக்னீசியம், ஓ.ஆர்.எஸ். பாக்கெட். ஃபெரிட்டின் 40-ஐத் தாண்டியிருக்கிறது, மாடிப்படி ஏறினால் வந்த மூச்சிரைப்பு குறைந்திருக்கிறது. அலைந்தால் மறுநாள் கிராஷ் ஆவது அப்படியேதான் இருக்கிறது. அடுத்த மருத்துவரிடம் போகும்போது பட்டைகள் அத்தனையையும் முன்னும் பின்னும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூளை மந்தமாகிப் பெயர் வாயில் வராத நாளில் கைபேசியை நீட்டினால் போதும்.