பாலையூற்று மாதாவும் எங்கள் வீட்டு மெதடிஸ்தரும்

எங்கள் வீட்டில் அக்கா ஒருத்திதான் மெதடிஸ்த என்ற புரட்டஸ்தாந்துச் சபைக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், மற்ற எல்லாரும் பரம்பரைக் கத்தோலிக்கர். அத்தானும் லேசுப்பட்டவர் இல்லை. மட்டக்களப்பு மெதடிஸ்தர் என்றால் 1814 இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்திறங்கிய காலத்திலிருந்து கணக்குச் சொல்வார்கள், வேதாகமத்தை அலமாரியில் வைத்துப் பூட்டாமல் தினமும் பென்சிலால் கோடு போட்டுப் படிக்கிறவர்கள். பேரனுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து தேறியபோது அம்மா திருகோணமலை பாலையூற்று லூர்து மாதாவுக்கு நேர்த்தி வைத்திருந்தார். அந்தப் பேரனின் தகப்பன் அத்தான். வாகனமும் அவருடையது, ஓட்டவும் அவர்தான். "நான் சாரதி மாத்திரம் மாமி, உள்ளே கூப்பிடக் கூடாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா என்று கரையோர வீதியாலே போனோம். ஒரு காலத்தில் இந்த வழியில் 'பாதை' என்கிற மிதவைப் படகில் வாகனத்தை ஏற்றி ஏற்றிக் கடக்க வேண்டும், 2009 இல் கிண்ணியாப் பாலமும் அதன் பின் மற்றப் பாலங்களும் திறந்ததோடு அந்தக் கதையே இல்லை. புறப்படுவதற்கு முன் அத்தான் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி சொந்த வார்த்தையில் ஒரு செபம் சொன்னார், அம்மாவின் முழங்கால் வலியைக்கூட மறக்காமல் சேர்த்துச் சொன்னார். அம்மா உரக்க "ஆமென்" என்றார். அது முடிந்த கையோடு அம்மா செபமாலையை எடுத்தார், அத்தான் ரேடியோவைக் குறைத்தார். வெருகல் வரும் வரைக்கும் சமாதானம்தான்.

பாலையூற்றில் மாதாவின் குகைக் கோயிலான கெபிக்கு முன்னால் அன்று நல்ல காற்று. மெழுகுதிரியை நட்டால் நிற்காது, அடியைப் பக்கத்துச் சுடரில் காட்டி, மெழுகு சொட்டச் சொட்ட அழுத்திப் பிடிக்க வேண்டும். அம்மா கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து நேர்த்திக் காசை எண்ணுவதற்குள் திரி அணைந்துவிட்டது, திருநீறு பூசியிருந்த ஒரு பெண் தன் திரியைச் சரித்துக் கொடுத்துப் பற்றவைத்தாள். அவளும் யாருக்கோ நேர்த்தி. யாருக்கு என்று நான் கேட்கவில்லை, கேட்காமலே அம்மா அந்தப் பிள்ளைக்கும் சேர்த்து ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னார். மேலே வெள்ளை அங்கியும் நீல இடைக்கச்சையுமாக மாதா சொரூபம். பிறகு பிரார்த்தனை தொடங்கியது. ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று ஒரே தாளத்தில்.

உள்ளே வரமாட்டேன் என்றவர் மரத்தடி வரைக்கும் வந்து நின்று அதைக் கேட்டிருக்கிறார். "தங்கச்சி, ஒன்று கேட்கட்டா" என்று ஆரம்பித்தார். 1 தீமோத்தேயு 2:5, தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே, அப்படியிருக்க இந்த அம்மா எதற்கு நடுவில்?

இதற்கு எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் மனப்பாடமான பதில் உண்டு. பிதாவையும் கிறிஸ்துவையும் அழைக்கும் இடத்தில் இரக்கம் கேட்கிறோம், மாதாவை அழைக்கும் இடத்தில் வேண்டிக்கொள்ளத்தான் கேட்கிறோம், ஆராதனை கடவுளுக்கு மட்டும், புனிதருக்கு வணக்கம், 787 இல் ஆயர்கள் கூடிய இரண்டாம் நிக்கேயா சங்கமே பிரித்துச் சொல்லிவிட்டது. காலையில் நீங்கள் அம்மாவின் முழங்காலுக்குச் செபித்தீர்களே, அது மட்டும் நடுவில் வருவது இல்லையா என்றேன். அவர் அசரவில்லை. நான் உயிரோடு இருக்கிறேன், மாமி என் காதுபடக் கேட்கிறா, இறந்தவர்களுக்குக் கேட்கிறது என்று எந்த வசனத்தில் இருக்கிறது? வெளிப்படுத்தல் 5:8 இல் மூப்பர்கள் பரிசுத்தவான்களின் ஜெபங்களைப் பொற்கலசங்களில் ஏந்தி நிற்கிறார்களே என்றேன். ஏந்தி நிற்கிறார்கள், சரி, நாம் அவர்களைக் கூப்பிட வேண்டும் என்று அங்கே எங்கே எழுதியிருக்கிறது என்றார். நியாயமான கேள்வி. எனக்கு மக்கபேயர் இரண்டாம் நூல் 15ஆம் அதிகாரம் ஞாபகம் வந்தது, இறந்துபோன எரேமியா மக்களுக்காக மிகவும் மன்றாடுகிறவர் என்று அங்கே தெளிவாகவே வருகிறது. அத்தான் சிரித்தார். "அது எங்கட வேதாகமத்தில் இல்லையே."

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. நாங்கள் மாதாவைப் பற்றிச் சண்டை பிடிக்கவே இல்லை. வேதாகமத்தில் 73 நூலா 66 நூலா என்று யார் தீர்மானிப்பது? 1546 இல் கத்தோலிக்க ஆயர்களின் திரிதெந்து (Trent) சங்கம் கூடிப் பட்டியல் போட்டது, அதனால் எனக்கு 73. அந்தச் சங்கத்துக்கு அந்த உரிமையை யார் கொடுத்தது என்பதுதான் அத்தானின் கேள்வி, வேதாகமத்தை லத்தீனில் பெயர்த்த புனித எரோணிமுவே (Jerome) அந்த நூல்களை மற்றவற்றோடு சமமாக வைக்கவில்லை என்று அவர் சொல்வதும் உண்மை. அதிகாரம் எங்கே இருக்கிறது என்று முடிவாகாமல் புனிதரைப் பற்றி எவ்வளவு வசனம் எறிந்தாலும் அது மறுபக்கம் போய்ச் சேராது.

லூர்து மாதாவின் கதையிலேயே இது இருக்கிறது, கவனித்துப் பாருங்கள். மாதா பாவமாசு இல்லாமல் உற்பவித்தவர் என்று திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் பிரகடனம் செய்தது 1854 இல். 1858 மார்ச் 25 அன்று பிரான்சின் லூர்து ஊரில் பெர்னதெத் என்ற ஏழைச் சிறுமி, தான் கண்ட பெண்மணி "நாமே அமல உற்பவம்" என்று சொன்னதாகப் பங்குக் குருவிடம் போய்ச் சொன்னாள், அதற்கு என்ன பொருள் என்று அவளுக்கே தெரியாது. கத்தோலிக்கருக்கு இது திருத்தந்தையின் சொல்லுக்கு வானத்திலிருந்து வந்த சாட்சி. அத்தானைப் போன்றவர்களுக்கு, நாலு வருஷமாகக் கோயில்களில் ஒலித்த ஒன்று ஒரு பிள்ளையின் காதுக்கு எட்டாமலா இருந்திருக்கும் என்ற சந்தேகம். ஆக அந்தக் கெபிக்கு முன்னால் முழந்தாளிடுகிறவர் தெரிந்தோ தெரியாமலோ உரோமாபுரிக்கும் ஒரு வணக்கம் வைக்கிறார்.

ஆனால் எங்கள் ஆட்களே மறந்துபோகிற ஒன்றையும் சொல்ல வேண்டும். லூர்துக் காட்சியை நம்பித்தான் ஆக வேண்டும் என்று திருச்சபை ஒருவரையும் கட்டாயப்படுத்தியதில்லை, நம்பலாம் என்றுதான் 1862 இல் அந்த ஊர் ஆயர் அறிவித்தார். புனிதரிடம் வேண்டுவது நல்லது, பயனுள்ளது என்பதுதான் 1563 இல் திரிதெந்து சொன்னது, வேண்டாதவன் பாவி என்று சொல்லவில்லை. நேர்த்தியை ஏதோ வட்டிக்கடை வரவுசெலவு மாதிரி நடத்துகிறவர்களைப் பார்த்து அத்தான் முகம் சுளித்தால் நான் மறுத்துப் பேச மாட்டேன், எனக்கும் அது பிடிப்பதில்லை. அதே நேரம், சொரூபத்தைக் கண்டதும் 'விக்கிரகம்' என்று முடித்துவிடுகிறவர்களுக்கும் சோம்பல்தான். மாதாவின் பாடலுக்கு 1521 இல் பக்தியோடு விளக்கம் எழுதியவர் புரட்டஸ்தாந்து இயக்கத்தைத் தொடங்கிய லூத்தர். கிழக்கத்திய ஓர்த்தடொக்ஸ் சபைகளைப் பாருங்கள், திருத்தந்தையின் ஆட்சியை ஏற்பதில்லை, மாதாவிடம் வேண்டுவதிலோ நம்மைவிட ஒரு படி மேல். அப்படியானால் உரோமாபுரியை விட்டால் புனிதரையும் விட்டாக வேண்டும் என்ற கணக்கும் சரியில்லை.

பிறகு டவுனுக்குள் புனித மரியாள் பேராலயத்துக்குப் போனோம். இந்த முறை அத்தானும் உள்ளே வந்தார், வெயில் அப்படி. ஆயரின் இருக்கையைக் காட்டி, 2012 வரைக்கும் மட்டக்களப்பும் இந்த மறைமாவட்டம்தான், பிறகு உரோமாபுரி பிரித்து எங்களுக்குத் தனி ஆயரைத் தந்தது என்றேன். "உங்களைக் கேட்டார்களா?" என்றார். இல்லை. "எங்களுக்கு மாநாடு கூடும், வாக்கெடுப்பு நடக்கும், 1964 இலிருந்து லண்டனுக்குக்கூடப் பதில் சொல்லத் தேவையில்லை." அது சரி, ஆனால் வாக்கெடுப்பில் தோற்றவர்கள் பக்கத்துத் தெருவில் புதுச் சபை திறக்கிறார்களே, அதற்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதற்கு மட்டும் அவரிடம் சட்டென்று பதில் இல்லை, அக்கா பின்னாலிருந்து இருமினாள்.

இந்தச் சண்டையைத் திருகோணமலையில் நின்று பேசும்போது கொஞ்சம் பயமும் வரும். கோணேசர் கோயிலை இடித்த கல்லை எடுத்துப் போர்த்துக்கேயர் 1620களில் கட்டியதுதான் அந்தக் கோட்டை, அவர்கள் எங்கள் மதத்துக்காரர், அதைப் பூசி மெழுக முடியாது. 1639 இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். பின்பு அவர்கள் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களில் கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பதே குற்றமானது, 1806 இல் ஆங்கிலேயர்தான் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார்கள். அந்த இருட்டில் 1687 இல் கோவாவிலிருந்து பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தவர் யோசப் வாஸ் அடிகளார். கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டு வீடு வீடாகப் போய், அதைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்துத்தான் கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தாராம். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார், வழக்கமாகக் கேட்கும் இரண்டாவது புதுமை, அதாவது அற்புதம், வேண்டாம் என்று தன் அதிகாரத்திலேயே விலக்கிவிட்டு. அத்தானுக்கு யோசப் வாஸ் மீது பெரிய மரியாதை. "அவரை நினைக்கிறதில் எனக்கு ஒரு தடையும் இல்லை, அவரிடம் கேட்கிறதுதான் ஏலாது" என்றார். 1530 இல் லூத்தரன்கள் தங்கள் விசுவாச அறிக்கையான ஒக்ஸ்பேர்க் அறிக்கையின் 21ஆவது பிரிவில் எழுதியதும் ஏறத்தாழ இதேதான், ஆள் அதைப் படித்திருக்கிறாரோ என்னவோ.

திரும்பும்போது கிண்ணியாப் பாலத்தைத் தாண்டியதும் அவர் இன்னொன்றைத் தூக்கிப் போட்டார். 2025 நவம்பரில் வத்திக்கான் மாதாவுக்கு 'இணை மீட்பர்' என்ற பட்டம் பொருந்தாது என்று சொல்லிவிட்டதே, நாளைக்கு மாதாவிடம் வேண்டவே வேண்டாம் என்று உரோமாபுரி சொன்னால் நீ நிறுத்துவாயா? நிறுத்துவேன் என்றால் நான் இவ்வளவு நேரம் வாதாடியது மாதாவுக்காக இல்லை, உத்தரவுக்காக. நிறுத்தமாட்டேன் என்றால் நான் மெதடிஸ்தரைவிடப் பெரிய புரட்டஸ்தாந்துக்காரி. மூதூர் வரைக்கும் யோசித்தேன். அம்மா அந்தப் பட்டத்தை வாழ்நாளில் கேள்விப்பட்டதே இல்லை, தூங்குகிறார் என்று நினைத்திருந்தோம், கண்ணைத் திறக்காமலே சொன்னார், "அவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. மருமகன், வெருகலில் ஒருக்கா நிப்பாட்டுங்க, பிள்ளைக்கு ஒன்றுக்குப் போகணுமாம்."